தையல் வெளிப்பக்கம்

"எக்கா, இது போய்ச் சேருமா?" என்று கேட்டுக்கொண்டுதான் மாரிசெல்வி முதன்முதலில் என் அஞ்சலகத்துக்குள் வந்தாள்.

ஓட்டப்பிடாரத்துக்குக் கிழக்கே ஒரு சின்ன ஊரின் கிளை அஞ்சலகம் அது. ஒரு மேசை, ஒரு தராசு, நான். விளாத்திகுளம் பக்கத்துக்காரியான எனக்கு அங்கே வேலை கிடைத்துக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. ஊரில் யாருக்கு என்ன நடந்தது என்பதெல்லாம் அப்போது தெரியாது.

அவள் நீட்டிய கவரைத் தராசில் வைத்தேன். வெறும் கவரின் எடைதான் காட்டியது.

"உள்ள ஏதாவது வச்சியாம்மா, இல்ல மறந்துட்டியா?"

"சட்டை வச்சிருக்கேன்க்கா."

கவரை அவள் இன்னும் ஒட்டவில்லை. உள்ளே கைவிட்டு எடுத்து என் உள்ளங்கையில் விரித்தாள். வெள்ளை நூல் துணியில் தைத்த சட்டை. உள்ளங்கையைத் தாண்டி ஒரு நூல்கூட வெளியே நீளவில்லை. கை நுழைக்கும் இடத்தில் என் சுண்டுவிரலை விட்டால் இறுகும்.

"பொம்மைக்கா?"

"இல்லக்கா. பிள்ளைக்கு. கோயமுத்தூர்ல ஏழாம் மாசத்துலயே பெறந்துட்டு. இப்பம் கண்ணாடிப் பெட்டிக்குள்ள இருக்கு. அதுக்கு அளவா எந்தக் கடையிலயும் துணி கிடைக்கலன்னு அதோட அம்மா கேட்டாவ."

நான் இரண்டு பிள்ளை பெற்றவள். பிறந்த குழந்தை எவ்வளவு சிறிது என்று எனக்குத் தெரியும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அந்தச் சட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இதற்குள் ஒரு நெஞ்சு ஏறி இறங்குமா? இந்தக் கைக்குள் ஒரு கை இருக்குமா? கவரை ஒட்டி முத்திரை குத்தும்போது கொஞ்சம் மெதுவாகக் குத்தினேன்.

மாரிசெல்வியின் கதையை அதற்குப் பிறகுதான் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்துகொண்டேன். பெரும்பாலும் அவள் வாயாலேயே.

அவள் புருஷன் முத்துசெல்வம் காற்றாலைக் கம்பெனியில் காவல் வேலை பார்ப்பவர். அவள் வீட்டிலேயே மெஷின் போட்டு, புதியம்புத்தூர் ரெடிமேட் கடைகளுக்குப் பிள்ளைகளின் கவுன் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். வெட்டிய துணி மூட்டையாக வரும். தைத்த கவுன் மூட்டையாகப் போகும். எந்தப் பிள்ளை அதைப் போட்டது என்று அவளுக்கு ஒருபோதும் தெரியாது. இந்தப் பக்கத்தில் பாதி வீடுகளில் நடக்கிற வேலைதான்.

கல்யாணமாகி வெகுநாள் கழித்து உண்டான பிள்ளை அவளுக்கும் ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்டது. பெண் குழந்தை. திருநெல்வேலியில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பெயர் வைக்கும் முன்பே கட்டிலில் ஒரு சீட்டு ஒட்டிவிட்டார்கள்: மாரிசெல்வியின் குழந்தை. மூக்கில் ஒரு குழாய், வாயில் ஒரு குழாய், காலில் ஒரு வயர். துணி என்று இடுப்பில் கட்டிய ஒரு நாப்கின் மட்டும், அதுவே கழுத்து வரைக்கும் வந்தது.

"கவுனா தைச்சுத் தள்ளினவ நான். எம்பிள்ளை துணியில்லாம கெடக்கு," என்றாள் ஒருநாள் என்னிடம். "பார்க்கவே முடியலக்கா. அவிய வேட்டிய கிழிச்சு, ஊசியில கையாலயே ஒரு சட்டை தைச்சேன். நர்ஸம்மா சுடுதண்ணியில அலசிட்டு வந்து போட்டுவிட்டாவ. அன்னைக்குத்தான் எம்பிள்ளை பிள்ளை மாதிரி இருந்தா. அதுவரைக்கும் என்னமோ... ஆஸ்பத்திரிச் சாமான் மாதிரி இருந்தா."

பக்கத்துக் கட்டில்காரி பாண்டிச்செல்வி, நாகர்கோவில்காரி. அவள் குழந்தையும் அதே அளவு. தனக்கும் ஒன்று தைத்துத் தரச் சொன்னாள். மாரிசெல்வி மிச்ச வேட்டியில் தைத்துக் கொடுத்தாள்.

பாண்டிச்செல்வியின் பிள்ளை பிழைத்து வீட்டுக்குப் போனது. மாரிசெல்வியின் பிள்ளை பிழைக்கவில்லை. காவியா என்று பெயர் வைக்கலாம் என்று புருஷனும் பெண்டாட்டியும் பேசி வைத்திருந்தார்கள். அந்தப் பெயரைச் சொல்லி ஒருமுறை கூப்பிடக்கூட இல்லை.

ஊருக்கு வந்த பிறகு மெஷினை ஒரு போர்வை போட்டு மூடிவிட்டாள். புதியம்புத்தூரிலிருந்து ஆள் வந்து கேட்டும் துணி வாங்கவில்லை. முத்துசெல்வம் சோறு வடித்துவிட்டு வேலைக்குப் போவார். திரும்பி வரும்போது அது அப்படியே இருக்கும். இப்படியே மாதங்கள் போயின.

ஒருநாள் பாண்டிச்செல்வி போன் செய்தாள். தன் பிள்ளை ஆஸ்பத்திரியைவிட்டு வெளியே வந்த அன்று எடுத்த படத்தை அவள் இன்ஸ்டாகிராமில் போட்டிருந்தாள். படத்தில் பிள்ளை அந்த வேட்டிச் சட்டையோடு இருந்தது. அதைப் பார்த்த யாரோ ஒரு கோயமுத்தூர்ப் பெண், இந்தச் சட்டை எங்கே விற்கிறது என்று அழுதுகொண்டே கேட்டிருந்தாளாம்.

"மதினி, ஒனக்குக் கஷ்டம்னா வேண்டாம்," என்றாள் பாண்டிச்செல்வி. "கேக்கணும்னு தோணுச்சு. கேட்டுட்டேன்."

மாரிசெல்வி போனை வைத்துவிட்டு மெஷின் மேலிருந்த போர்வையை எடுத்தாள். முத்துசெல்வம் வேலை முடிந்து தெருவில் வரும்போது மெஷின் சத்தம் கேட்டு, உள்ளே போகாமல் வாசலிலேயே நின்றுவிட்டாராம். "உள்ள போனா நிப்பாட்டிருவாளோன்னு பயம்," என்று அவர் பிறகு சொன்னார். அந்தச் சட்டையைத்தான் அவள் என்னிடம் கொண்டுவந்தாள்.

அதற்குப் பிறகு ஒன்றிரண்டு பேர் கேட்டார்கள். இன்ஸ்டாகிராமில் ஒரு பக்கம் திறந்து படம் போட்டால் தேடுகிறவர்களுக்குக் கிடைக்குமே என்று பாண்டிச்செல்விதான் சொன்னாள். எப்படித் திறப்பது, எப்படிப் பணம் வாங்குவது என்று போனிலேயே படிப்படியாகச் சொல்லியும் கொடுத்தாள். பக்கத்துக்கு என்ன பெயர் என்று கேட்டபோது முத்துசெல்வம், "காவியான்னு போடு," என்றார்.

முதல் வீடியோவை எடுத்தவரும் அவர்தான். மாரிசெல்வி சட்டையைத் தரையில் விரித்து வைத்தாள். படத்தில் பார்த்தால் அது சாதாரணச் சட்டை மாதிரிதான் தெரிந்தது.

"அளவே தெரியலயேட்டி," என்றவர், பூசை மாடத்திலிருந்து தீப்பெட்டியை எடுத்துச் சட்டையின் பக்கத்தில் வைத்தார். அவ்வளவுதான். தீப்பெட்டியை அறியாதவர் யார்? அவளுக்குப் பேச வரவில்லை. சட்டையை மடித்துத் தீப்பெட்டியின் மேல் வைத்தாள். கிட்டத்தட்டச் சரியாக இருந்தது. பின்னணியில் காற்று மட்டும் இரைந்தது. போட்டுவிட்டுப் பருத்திக்குக் களையெடுக்கப் போய்விட்டாள்.

வீட்டுக்குள் சிக்னல் கிடையாது. மறுநாள் துணி காயப்போட மாடிக்குப் போனபோது போன் அலறத் தொடங்கியது, நிற்கவில்லை. அந்த வீடியோவைப் பார்த்தவர்களின் கணக்கை அவள் என்னிடம் காட்டியபோது, எங்கள் தாலுகாவின் மொத்த சனத்தையும்விட அதிகமாக இருக்கும் என்று தோன்றியது. இந்தி, மலையாளம், எனக்கு எழுத்தே அடையாளம் தெரியாத மொழிகள். ஒவ்வொரு செய்தியோடும் ஒரு படம். கண்ணாடிப் பெட்டிக்குள், பஞ்சின் மேல், அப்பாவின் நெஞ்சுச் சூட்டில், விரல் நீளக் கைகளோடு குழந்தைகள்.

அவள் என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து அவற்றைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். நானும் பார்த்தேன்.

"நான் ஒருத்திதான்னு நெனச்சேன்க்கா," என்றாள். "ஒலகத்துல எனக்கு மட்டுந்தான் இப்படின்னு நெனச்சுட்டு இருந்தேன். இம்புட்டுப் பேரா?"

அன்று அவளுக்கு வந்தது அழுகையா வேறு ஏதாவதா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. திருவிழாக் கூட்டத்துக்குள் திடீரென்று இறக்கிவிடப்பட்ட பிள்ளை போல விழித்துக்கொண்டிருந்தாள்.

வேலை பெருகியது. கூடவே ஒரு தவறும் வெளிப்பட்டது. கேரளத்திலிருந்து ஒரு நர்ஸ், அந்த மாதிரிக் குழந்தைகளையே பார்த்துப் பார்த்துப் பழகியவர், குரலில் ஒரு செய்தி அனுப்பியிருந்தார். மலையாளம் கலந்த தமிழ். சட்டை நல்ல சட்டைதான். ஆனால் உள்ளே இருக்கிற தையல் விளிம்பு குழந்தையின் தோலை உரசும், அந்தத் தோல் வெங்காயச் சருகு மாதிரி. கழுத்துப் பக்கம் கயிறு கூடாது. குழாயைக் கழற்றாமல் போட்டுவிட முன்பக்கம் முழுவதும் திறக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார்.

மாரிசெல்வி அதைத் திரும்பத் திரும்பக் கேட்டாள். தைத்து வைத்திருந்தவற்றையெல்லாம் பிரித்தாள். ஏற்கெனவே வாங்கியவர்களுக்கெல்லாம் சொல்லி, புதுச் சட்டை அனுப்பினாள். "எனக்குத் தெரியாமப் போச்சே, அந்தப் பிள்ளைகளுக்கு உறுத்தியிருக்குமே," என்று சொல்லிச் சொல்லி மாய்ந்தாள். பிறகு தையல் விளிம்பு முழுவதும் வெளியே தெரிகிற மாதிரித் தைக்கத் தொடங்கினாள்.

இதற்கும் புகார் வந்தது. சட்டையைத் திருப்பித் தைத்து அனுப்பிவிட்டீர்கள், பார்க்க அசிங்கமாக இருக்கிறது, பணத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று. அப்போதுதான் அவள் முதன்முதலாக வீடியோவில் வாய் திறந்து பேசினாள். முகத்தைக் காட்டவில்லை, கையும் சட்டையும் மட்டும்.

"இது தப்பாத் தைக்கல. மெத்துன்னு இருக்க பக்கம் பிள்ளைக்கு. தையலு நம்ம பக்கம். அத நாம பாத்துக்கிடலாம்."

அந்த வீடியோ முதலாவதைவிட அதிக தூரம் போனது. அதற்குப் பிறகு யாரும் புகார் சொல்லவில்லை. இரண்டு ஆஸ்பத்திரிகளிலிருந்து மொத்தமாகக் கேட்டார்கள். தெருவில் இன்னும் இரண்டு பெண்கள் அவளோடு சேர்ந்து தைக்கிறார்கள். துணியை மட்டும் இன்றும் அவளேதான் வாங்குவாள். கோவில்பட்டிக் கடையில் துணிச் சுருளை விரித்துக் கன்னத்தில் தேய்த்துப் பார்ப்பாள். கடைக்காரர் சௌந்தரபாண்டியன் அண்ணாச்சி முதலில் சிரித்தாராம். இப்போது அவரே தேய்த்துப் பார்த்துவிட்டுத்தான் எடுத்து வைக்கிறாராம்.

நான் முகவரிகளைப் பதிவேன். இம்பால். லட்சத்தீவில் ஒரு தீவு. பனி மலையில் ஒரு ராணுவக் குடியிருப்பு. கோவில்பட்டி, திருநெல்வேலியைத் தாண்டி எங்கும் போயிராத ஒருத்தியின் கைத்தையல், கப்பலேறியும் விமானமேறியும் போய், முன்பின் தெரியாத பிள்ளைகளின் முதல் துணியாகிறது. நான் செய்தது முத்திரை குத்தியது மட்டும். ஆனாலும் சில நாள் வீட்டுக்கு நடந்து போகும்போது அதை நினைத்தால் உடம்பு சிலிர்க்கும்.

போன ஐப்பசியில் அது நடந்தது. இரண்டு நாள் மழைக்குப் பிறகு கரிசல் குழைந்து கிடந்தது. ஊருக்குள் வந்த ஒரு கார் புளியமரத்துக்கு முன்னால் சக்கரம் புதைந்து நின்றுவிட்டது. தள்ளிவிட ஆட்கள் ஓடினார்கள். அஞ்சலகத்தைப் பூட்டிவிட்டு நானும் போனேன்.

சேலம் பக்கத்துக் குடும்பம். பிள்ளைக்கு மொட்டையடிக்கத் திருச்செந்தூர் போய்விட்டுத் திரும்புகிறார்கள். பழைய தபால் கவர் ஒன்றில் இருந்த அனுப்பியவர் முகவரியைக் காட்டி, "காவியா அக்கா வீடு எது?" என்று பிள்ளையின் அம்மா கேட்டாள். யாருக்கும் புரியவில்லை. நான்தான் மாரிசெல்வியைக் கூப்பிட்டேன்.

அவள் கழுத்தில் அளவு நாடாவோடு வந்தாள்.

"காவியா அக்கா நீங்கதானே?"

மாரிசெல்வி ஒரு கணம் தயங்கினாள். பிறகு, "ஆமாம்மா," என்றாள்.

அந்த அம்மா கைப்பையிலிருந்து ஒரு சின்னத் துணியை எடுத்தாள். துவைத்துத் துவைத்து வெளுத்த சட்டை, தையல் வெளிப்பக்கம். இதைப் போட்டிருந்தவள் இவள்தான் என்று தன் மகளைக் காட்டினாள். மொட்டைத் தலையில் சந்தனம் காய்ந்து வெடித்திருக்க, அந்தப் பிள்ளை ஏற்கெனவே சேற்றுக்குள் இறங்கி, ஓர் ஆட்டுக்குட்டியைத் துரத்திக்கொண்டிருந்தது. விழுந்தது, எழுந்தது, "ஏய், நில்லு!" என்று கத்தியது.

சட்டை கை மாறிக் கை மாறிப் போனது. வண்டி தள்ள வந்த ஆண்கள்கூடச் சேற்றுக் கையை வேட்டியில் துடைத்துவிட்டுத்தான் வாங்கினார்கள்.  சட்டையைப் பார்ப்பதும், ஓடுகிற பிள்ளையைப் பார்ப்பதுமாக இருந்தார்கள்.

காட்டைப் பார்த்துவிட்டு அந்த வழியே வந்த பெத்தம்மாளின் கைக்கு அது வந்தது. வயதானவள், ஊரில் எல்லோரையும் ஏசுகிற வாய். அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள்.

"எனக்கும் ரெண்டு இம்புட்டுலதான் பெறந்துச்சு," என்றாள். "அப்பம் அத பிள்ளைன்னே யாரும் சொல்லல. நானும் சொல்லல."

சட்டையை மடித்து அந்த அம்மாவிடமே கொடுத்துவிட்டு, பிள்ளை ஓடுவதை இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கார் வெளியே வரப் பொழுது சாய்ந்துவிட்டது. முத்துசெல்வம் எல்லோருக்கும் காப்பி போட்டுக் கொடுத்தார். புறப்படும் முன் பிள்ளையின் காலைக் கழுவ வேண்டுமே என்று மாரிசெல்வி அதைத் தூக்கிக்கொண்டு தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போனாள். பிள்ளையைத் தொட்டியின் விளிம்பில் உட்கார வைத்து, தண்ணீர் ஊற்றி ஊற்றிக் கரிசலைக் கரைத்தாள். அது லேசில் போகிற மண்ணா? விரல் இடுக்கிலெல்லாம் அப்பியிருந்தது. பிள்ளை கூச்சத்தில் நெளிந்து சிரித்தது.

கழுவி முடித்த காலை மடியில் வைத்துச் சேலைத் தலைப்பால் துடைத்தவள், துடைப்பதை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"எக்கா, எம்புட்டுப் பெரிய காலு பாருங்க!" என்றாள்.