புதன்கிழமைக் கோடுகள்

என் மேசை இழுப்பறையில் ஒரு ஜெராக்ஸ் தாள் இருக்கிறது. பலமுறை பிரித்து மடித்ததில் மடிப்பு விழுந்த இடத்தில் மை உதிர்ந்துவிட்டது. கோடு போட்ட நோட்டு ஒன்றின் பக்கம் அது. இடது ஓரத்தில் எட்டு, ஒன்பது, பத்து என்று மணிகள் கீழே இறங்குகின்றன. ஒவ்வொரு மணிக்கும் எதிரே சின்னச் சின்ன நிற்கும் கோடுகள். நான்கு சேர்ந்ததும் ஐந்தாவது கோடு குறுக்கே விழும். பக்கத்தின் அடியில் தெலுங்கில் இரண்டு வரி. ரேணிகுண்டாவில் எங்கள் ஆபீஸ் இரண்டு முறை இடம் மாறியது. பழைய வரைபடங்கள், கையேடுகள் எல்லாவற்றையும் பழைய பேப்பர்காரரிடம் போட்டாயிற்று. இந்தத் தாளை மட்டும் போடவில்லை.

அதை எழுதியவரை எல்லோரும் 'ஃபிரிட்ஜ் மேடம்' என்றுதான் கூப்பிடுவார்கள். சித்தூரில் ஒரு மருத்துவமனையில் தடுப்பூசி மருந்து வைக்கும் குளிர்பெட்டிகளுக்கு அவர் பொறுப்பு. ஒப்பந்த வேலைதான். என்னைவிட மூன்று நான்கு வயது கூட இருக்கலாம். எங்கள் கருவியைப் பொருத்துவதற்காக நான் முதன்முதலில் அங்கே போனபோது அரைமணி நேரம் அவரோடு தெலுங்கில் பேசினேன். பேச்சுக்கு நடுவில் எனக்குப் போன் வந்தது. அம்மாவிடம் தமிழில் பேசி முடித்துத் திரும்பினால் இடுப்பில் கைவைத்து நின்றிருந்தார். "நீ புத்தூர் பக்கமா? நான் சத்தியவேடு. இன்னாத்துக்கு இவ்ளோ நேரம் தெலுங்குல மாட்லாடிக்கினு என் உயிர எட்த்த?" என்றார். அப்படித்தான் பழக்கம் ஆரம்பித்தது.

எங்கள் கம்பெனி சின்னது. குளிர்பெட்டிக்குள் எத்தனை டிகிரி என்று பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பதிவுசெய்யும் கருவியைத் தயாரிக்கிறோம். பல வருடம் ஒரே சர்க்யூட் போர்டை வைத்து ஓட்டிக்கொண்டிருந்தோம். அந்த போர்டு சந்தையில் கிடைக்காமல் போனதும் புதிய போர்டுக்கு, அதில் ஓடும் லினக்ஸ் என்ற சிஸ்டத்துக்கு மாற வேண்டி வந்தது. கருவியின் அடிமட்ட லைப்ரரியை, அதாவது சென்சாரைப் படிப்பது, நேரம் பார்ப்பது, காத்திருப்பது போன்ற வேலைகளைச் செய்யும் பகுதியை, அங்கிருந்து இங்கே கொண்டுவருவது என் பொறுப்பு. கைவேகக்காரி என்று ஆபீஸில் எனக்கு ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரை நான் கொஞ்சம் அதிகமாகவே ரசித்தேன் என்று இப்போது தோன்றுகிறது.

அந்த வேலையில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் இங்கே விளக்கியாக வேண்டும். எங்கள் புரோகிராம் தானாகத் தூங்காது. "பத்து நிமிடம் கழித்து எழுப்பு" என்று சிஸ்டத்திடம் சொல்லிவிட்டுத்தான் தூங்கும். எழுந்ததும் வெப்பநிலையைப் பதிவுசெய்துவிட்டு மறுபடி தூங்கப் போகும். இதற்கிடையில் குளிர்பெட்டியின் கதவு திறந்தால் ஒரு சிக்னல் வரும். பழைய சிஸ்டத்தில் சிக்னல் வந்தாலும் தூக்கம் கலையாது. லினக்ஸ் அப்படியில்லை. சிக்னல் வந்தால் வேலையைப் பாதியிலேயே நிறுத்தி, "இடையில் நிறுத்திவிட்டேன்" என்று ஒரு பிழை எண்ணைத் திருப்பித் தரும். தூக்கமாக இருந்தால், இன்னும் எத்தனை விநாடி பாக்கி என்பதையும் சேர்த்துச் சொல்லும். மரியாதையான ஏற்பாடு. கேட்டுக்கொள்ள நமக்குப் பொறுமை இருந்தால் போதும்.

எனக்கு இருக்கவில்லை. முதல் சோதனையில் கதவைத் திறந்தபோதெல்லாம் சென்சாரைப் படிப்பது பாதியில் நின்று, திரையில் பிழைச் செய்தி கொட்டியது. 'இடையில் நின்றால் மறுபடி கேள்' என்று ஒரு சின்ன வளையக் கட்டளை எழுதினேன். சென்சாரைப் படிப்பதற்கு அது சரியான மருந்து. வேலை செய்ததைப் பார்த்த உற்சாகத்தில், சிஸ்டத்தைக் கூப்பிடும் ஒவ்வொரு இடத்திலும் அதே வளையத்தை ஒரே மதியத்தில் மாட்டிவிட்டேன். தூக்கத்துக்கும் மாட்டினேன். பாக்கி எவ்வளவு என்று சிஸ்டம் சொன்னதை வாங்கிப் பார்க்கவே இல்லை. கதவு திறந்து எழுப்பினால் மறுபடி முழுப் பத்து நிமிடம் கேள், அவ்வளவுதான். எங்கள் பட்டறையில் தண்ணீர் பாட்டில்கள் அடுக்கிய குளிர்பெட்டியில் இரண்டு நாள் ஓட்டிப் பார்த்தோம். கதவை நாளுக்கு நாலைந்து முறை திறந்திருப்போம். பிழைச் செய்தி ஒன்றும் வரவில்லை, நான் கையெழுத்துப் போட்டேன்.

ஃபிரிட்ஜ் மேடத்தின் குளிர்பெட்டிக் கதவு நாலைந்து முறை திறக்கும் கதவு இல்லை. புதன்கிழமை தடுப்பூசி நாள். காலையிலிருந்தே கைக்குழந்தைகளோடு தாய்மார்கள் வராண்டாவில் நிறைந்துவிடுவார்கள். நர்ஸுகள் மருந்து கேட்டு வந்துகொண்டே இருப்பார்கள். ஒவ்வொரு முறை கதவு திறக்கும்போதும் குளிர் போகிறது என்று அவருக்கு வயிற்றெரிச்சல். "ஒரே தபாவா கேளுங்கடி. அப்பப்ப வந்து கேட்டா அப்பப்ப தொறக்கணும்" என்று வாய் ஓயாமல் சத்தம் போடுவார். சத்தம் போட்டுப் பயனில்லை என்று தெரிந்ததும், கதவு திறக்கும்போதெல்லாம் நோட்டில் ஒரு கோடு போட ஆரம்பித்தார். மாதக் கடைசியில் அதை நர்ஸுகளிடம் காட்டித் திட்டுவதற்காகத்தான். யாரும் அவரை அப்படி எழுதச் சொல்லவில்லை. காலையும் மாலையும் தெர்மாமீட்டர் பார்த்து எழுதுவது மட்டும்தான் அவர் கடமை, அதையும் விடாமல் எழுதினார்.

கருவி மாட்டி ஒரு மாதம் கழித்து எங்களுக்கு அழைப்பு வந்தது. நான்கு புதன்கிழமைகளிலும் காலை ஒன்பதிலிருந்து நண்பகல் வரை எங்கள் வரைபடத்தில் பதிவே இல்லை. மற்ற நாட்களில் ஒழுங்காக இருந்தது. கருவிக்குத் தனி பேட்டரி உண்டு, மின்சாரம் போனாலும் ஓடும். அப்படியானால் யாரோ வேண்டுமென்றே அணைத்திருக்க வேண்டும். கூட்டமான நாளில் ஃபிரிட்ஜ் மேடம் கதவைத் திறந்தே போட்டுவிட்டு, சூடேறியது தெரியக் கூடாது என்று அணைத்திருக்கிறார் என்பது மருத்துவமனையின் பெரிய டாக்டர் எடுத்த முடிவு. மெமோ கொடுப்பதற்கு முன் எங்களிடம் எழுத்தில் பதில் கேட்டார். பட்டறைச் சோதனைத் தாள்களை ஒருமுறை புரட்டிப் பார்த்துவிட்டு, கருவியில் பிழை இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அரைப் பக்கக் கடிதம். எழுதப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

விசாரணைக்கு எங்கள் எம்.டி. சாரும் நானும் போயிருந்தோம். அதுவும் ஒரு புதன்கிழமை. ஃபிரிட்ஜ் மேடத்தை வேலைக்கு நடுவிலேயே கூப்பிட்டு உட்காரவைத்தார்கள். "நான் ஸ்விட்சாண்டயே போவல சார்" என்பதைத் தெலுங்கிலும் தமிழிலும் மாற்றி மாற்றிச் சொன்னார். மருந்துக் குப்பிகளின் மேல் ஒட்டியிருக்கும் சின்னச் சதுரம் சூடு பட்டால் கறுத்துவிடும், என் குப்பிகளில் ஒன்றுகூடக் கறுக்கவில்லை, எடுத்துப் பாருங்கள் என்றார். டாக்டர் எங்கள் கடிதத்தை அவர் பக்கம் நகர்த்தினார். "இத்த எழுதுனது யாரு?" என்று மேடம் கேட்டார். "எங்க இன்ஜினியருங்க" என்றார் எம்.டி. சார். நான் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதுவரை மேடத்தின் குரல் இறங்கவில்லை. அந்த நான்கு புதன்கிழமைகளிலும் ஊசி போட்ட குழந்தைகளைத் திரும்ப வரவழைத்து மறுபடி போட வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொன்னபோதுதான் உடைந்தார். "கொழந்தைங்கள திருப்பிக் குத்தணுமா? நல்ல மருந்துதான் சார் குட்த்தேன். என்ன வேலைய வுட்டு எடுங்க, அது வேற. கொழந்தைங்கள இன்னாத்துக்குக் குத்தணும்?" என்று அழுதார். எனக்கு அவர்மேல் இரக்கமாகத்தான் இருந்தது. சந்தேகம் மட்டும் போகவில்லை. வேலை போகிற பயத்தில் அழுகிறார் என்று நினைத்தேன். இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது.

விசாரணை முடிந்ததும் கருவியை ஒருமுறை பார்த்துவிடலாம் என்று அவர் பின்னாலேயே போனேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு நேராக நோட்டை எடுத்து ஏதோ எழுதினார். பிறகு முந்தைய நான்கு புதன்கிழமைப் பக்கங்களோடு அன்றைய பக்கத்தையும் ஜெராக்ஸ் எடுத்துவந்து என் கையில் திணித்தார். "இத்தயும் எட்துக்கினு போ. உன் மிஷின் இன்னா சொல்லுதோ சொல்லட்டும். என்னுது இது." எம்.டி. சார் பலமனேரில் வேறொருவரைப் பார்க்கப் போனார். நான் திருப்பதி பஸ்ஸில் ஏறினேன்.

சந்திரகிரி வரும்வரை அந்தத் தாள்களைப் பிரிக்கவில்லை. பிரித்தபோதும் வேறு செய்ய ஒன்றும் இல்லாததால்தான் பிரித்தேன். முதல் புதன்கிழமைப் பக்கத்தில் ஒன்பது மணிக்கு எதிரே பதினோரு கோடுகள். பத்துக்கு எதிரே பதினான்கு. பதினொன்றுக்குப் பன்னிரண்டு. மதியத்துக்குப் பிறகு இரண்டு, ஒன்று, இரண்டு. மடியில் எங்கள் வரைபடமும் இருந்தது. கோடுகள் நெருங்கி நிற்கும் மணிகளில் எங்கள் பதிவு இல்லை. கோடுகள் குறைந்ததும் பதிவு வந்துவிடுகிறது. நாலைந்து நிமிடத்துக்கு ஒருமுறை கதவு திறந்தால், திறக்கும்போதெல்லாம் பத்து நிமிடத் தூக்கம் மறுபடி முதலிலிருந்து தொடங்கினால், என் புரோகிராம் எப்போது கண்விழிக்கும்? கூட்டம் கலையும்வரை விழிக்காது. பக்கத்து சீட் அம்மா "ஏமைந்தி? என்ன ஆச்சு?" என்று என்னைப் பார்த்துக் கேட்கும் அளவுக்கு என் முகம் மாறியிருக்க வேண்டும்.

மறுநாள் காலை பட்டறைக் குளிர்பெட்டியின் முன் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, எட்டு நிமிடத்துக்கு ஒருமுறை கதவைத் திறந்து மூடினேன். மூன்று மணி நேரம். ஒரு பதிவுகூட வரவில்லை. பத்து நிமிடம் தூங்கு என்பதற்குப் பதில், இந்த நேரம்வரை தூங்கு என்று கடிகார நேரத்தைச் சொல்லிவிட்டால், இடையில் எத்தனை முறை எழுப்பினாலும் பத்து மணி பத்து மணிதான். சரிசெய்ய நாலு வரி மாற்றம் போதும்.

எம்.டி. சாரிடம் போய்ச் சொன்னேன். கெட்டவர் இல்லை, ஆனால் பயந்தவர். "பவர் சப்ளை ப்ராப்ளம்னு எழுதிட்டு, புது சாஃப்ட்வேர போட்டுடலாம்மா. அவங்களும் தப்பிச்சிடுவாங்க, நாமளும் தப்பிச்சிடுவோம்" என்றார். ஒரு மணி நேரம் எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் பவர் என்று எழுதினால், ஸ்விட்சை அணைத்தது யார் என்ற கேள்வி திரும்ப அந்த அம்மாள் வாசலுக்குத்தான் போகும். முதல் கடிதத்தை எழுதியது நான், அதில் சொன்னது தவறு, பிழை என்னுடைய நிரலில், பதிவு நின்றதற்குக் காரணம் கதவு திறந்ததுதான், கருவியை யாரும் அணைக்கவில்லை என்று எழுதி, அவருடைய தாள்களை இணைத்து அனுப்பினேன். மெமோவைத் திரும்பப் பெற்றார்கள். அவர் கைப்பட எழுதிய வெப்பநிலைகளையும் குப்பிகளையும் சரிபார்த்த பின், குழந்தைகளை மறுபடி கூப்பிட வேண்டாம் என்று முடிவானது. எங்களுக்கு வரவேண்டிய அடுத்த ஆர்டர் வரவில்லை. எம்.டி. சார் இரண்டு மாதம் என்னோடு தேவைக்கு மட்டும் பேசினார்.

நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன். நடந்ததை விளக்கியபோது ஃபிரிட்ஜ் மேடம் கவனமாகக் கேட்டார். "எழுப்புனா மறுபடி மொதல்லருந்து தூங்குமா? எங்கூட்டுக்காரரும் அதே கேஸுதான்" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "அன்னிக்கி நீ ஃபேனையே பாத்துக்கினு இருந்த. இந்தப் பொண்ணுக்கே அந்த லெட்டர் மேல நம்பிக்க இல்ல போலன்னு அப்பவே நெனச்சிக்கினேன்" என்றார். நம்பிக்கை இல்லாமல் இல்லை. அன்று எனக்கு என் கருவிமேல் முழு நம்பிக்கை இருந்தது. அதை அவரிடம் சொல்லும் தைரியம் வரவில்லை. என்னைப் பற்றி அவர் வைத்திருந்த நல்ல எண்ணத்தைத் திருத்தாமலே பஸ் ஏறினேன்.

இப்போது அவர் பலமனேரில் மகளோடு இருப்பதாகக் கேள்வி. எங்கள் கருவிகளில் இன்றைக்கு ஓடும் லைப்ரரி, தூக்கம் கலைந்தால் கலைந்தது என்று நேரத்தோடு ஒரு வரி எழுதிவைக்கும். அது தேவையா, சேமிப்பில் இடம் வீண்தானே என்று புதிதாகச் சேருகிறவர்கள் கேட்பார்கள். அப்போது இழுப்பறையைத் திறந்து இந்தத் தாளை எடுப்பேன். விசாரணை நடந்த புதன்கிழமையின் பக்கம் இது. பஸ்ஸில் நான் கோடுகளை மட்டும்தான் எண்ணினேன், அடியில் இருந்த தெலுங்கு வரிகளைப் படிக்கவில்லை. இரண்டாவது கடிதத்தோடு இணைக்கும்போதுதான் படித்தேன். அழுத கண்ணைத் துடைத்துக்கொண்டு, என் முன்னால் நின்று அவர் எழுதியது இதைத்தான்: "பதினொன்று இருபதிலிருந்து ஒன்று ஐந்துவரை நான் இங்கே இல்லை, விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். அந்த நேரத்தில் கதவு எத்தனை முறை திறந்தது என்று எனக்குத் தெரியாது."