போயட் அங்கிளின் இருமல்

எங்கள் வீட்டில் யாரும் "போறேன்" என்று சொல்லக் கூடாது. காலையில் பிரின்ஸ்டன் ஜங்ஷனில் ரயிலைப் பிடிக்கக் காரிலிருந்து இறங்கும் கணவர் "போயிட்டு வரேன்" என்று முழுசாகச் சொன்னால்தான் நான் வண்டியை எடுப்பேன். பின்னால் ஹார்ன் அடிப்பவர்கள் அடித்துக்கொள்ளட்டும். அரிசி தீர்ந்தால் "நிறைஞ்சிருக்கு" என்பேன். விளக்கை அணைக்க மாட்டேன், குளிர வைப்பேன். மகள் தும்மினால் "நூறு" என்பேன், நூறு வயசு இருக்க வேண்டும் என்று. அடுத்த தும்மலுக்கு இருநூறு. பகலெல்லாம் கம்ப்யூட்டரில் சாப்ட்வேர் எழுதுகிறவள் இதையெல்லாம் நம்புகிறாயா என்று கணவர் கேட்பார். ஈரோட்டிலிருந்து வெஸ்ட் வின்ட்சருக்கு வந்தபோது பருப்புப் பொடியோடு இதுவும் பெட்டியில் வந்துவிட்டது.

இப்படிப்பட்ட வீட்டுக்குள்தான் போன வசந்தத்தில் ஓர் ஆங்கிலக் கவிஞர் வந்து சேர்ந்தார்.

மகளின் நான்காம் வகுப்பில் மெழுகு மியூசியம் என்று ஒன்று நடத்துவார்கள். மெழுகெல்லாம் கிடையாது. ஒவ்வொரு பிள்ளையும் ஒரு பிரபலத்தைத் தேர்ந்தெடுத்து, அவரைப் போல வேஷம் கட்டி, சிலை மாதிரி அசையாமல் நிற்க வேண்டும். பக்கத்தில் சிவப்புக் காகிதத்தில் வெட்டிய பொத்தான் ஒன்று ஒட்டியிருக்கும். அதை அழுத்தினால் சிலைக்கு உயிர் வந்து, "நான் இன்ன ஊரில் பிறந்தேன்" என்று தன் கதையைச் சொல்லும். முடித்ததும் மறுபடி சிலையாகிவிடும்.

மற்ற பிள்ளைகள் விண்வெளிக்குப் போனவர்களையும் கூடைப்பந்து வீரர்களையும் பிடித்துக்கொண்டார்கள். என் மகள் லைப்ரரியிலிருந்து ஒரு தடிப் புத்தகத்தோடு வந்தாள். அட்டையில் ஒல்லியாக ஒரு வெள்ளைக்கார இளைஞர், இரண்டு நாள் பட்டினி கிடந்த முகம். ஆங்கிலக் கவிஞராம். வெளியாட்கள் எல்லோரும் எங்களுக்கு அங்கிள் என்பதால் அவரும் போயட் அங்கிள் ஆனார்.

சாப்பாட்டு மேஜையில் அவர் கதை தவணை முறையில் வந்தது. அப்பா ரொட்டிக் கடைக்காரர். அம்மா சின்ன வயதிலேயே இல்லை. அச்சாபீஸில் வேலை பார்த்துக்கொண்டே மழையையும் மேய்ச்சல் நிலத்தையும் பற்றி எழுதினார். முதல் புத்தகத்தைப் பத்திரிகைக்காரர்கள் கிழி கிழி என்று கிழித்தார்கள். மனிதர் அசரவில்லை. நெஞ்சுச் சளியும் இருமலுமாகப் படுக்கையில் கிடந்தபடியே எழுதினார். அவருக்குப் பிறகுதான் உலகம் தலையில் தூக்கி வைத்துக்கொண்டது.

"டிட் நோபடி சே நூறு டு ஹிம்?" என்றாள் மகள். நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில்தான் பதில் வரும். "நூறு" மட்டும் அப்படியே அவள் ஆங்கிலத்தில் குடியேறிவிட்டது.

"அது தும்மலுக்குச் சொல்றது அம்மிணி. இருமலுக்கு இல்ல."

"ஸோ வாட் டு வீ சே ஃபார் இருமல்?"

"மிளகுக் கஷாயம் குடின்னு சொல்லுவோம்."

அவருக்கு யாரும் அதைக்கூடச் சொல்லியிருக்க மாட்டார்கள் என்று நினைத்தபோது எனக்கே பாவமாக இருந்தது.

வேஷம் அமர்க்களப்பட்டது. கணவரின் ரிசப்ஷன் கோட்டுக்குள் போட்ட வெயிஸ்ட் கோட்டைப் பின்பக்கம் மடித்துத் தைத்தேன். அந்தக் காலத்து ஆண்கள் கழுத்தில் வெள்ளைத் துணி சுற்றியிருப்பார்களே, அதற்கு ஈரோட்டுத் துண்டு ஒன்றே போதுமானதாக இருந்தது. இறகுப் பேனாவுக்கு என் ஆபீஸ் குளத்தங்கரையில் அசிங்கம் பண்ணித் திரியும் வாத்துகளில் ஒன்று உதவியது.

ஒரு மாலை நான் தோசை வார்த்துக்கொண்டிருக்க, மகள் அடுப்படியில் ஒத்திகை பார்த்தாள். பிறந்தார், எழுதினார், திட்டு வாங்கினார். எல்லாம் ஜோர். கடைசியில் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு, நெஞ்சு குலுங்க இருமினாள். பிறகு நிமிர்ந்து, "அண்ட் தென் ஐ டைடு" என்றாள்.

தோசை கருகியது. "வாயில என்ன வார்த்தை வருது? நல்லதே பேசத் தெரியாதா உனக்கு?" என்று கத்திவிட்டேன்.

கணவர் எட்டிப் பார்த்தார். "அவ எங்க போனா? போயட் அங்கிள் தான போனாரு. அதும் எந்தக் காலத்துலயோ."

"'நான்'னு தான சொல்றா? அதை மட்டும் எடுத்துடச் சொல்லுங்க."

"வேணும்னா 'இறைவனடி சேர்ந்தேன்'னு டிரான்ஸ்லேட் பண்ணித் தரட்டுமா?"

நான் சிரிக்கவில்லை. காரணம் அவருக்கும் தெரியும். இவள் ஏழாம் மாதத்தில் பிறந்தவள். நுரையீரல் முற்றவில்லை என்று இன்குபேட்டரில் வைத்திருந்தார்கள். பக்கவாட்டு ஓட்டை வழியாக நான் ஒரு விரலை நீட்டினால் அதை முழுக் கையால் பிடித்துக்கொள்வாள். டாக்டர் "இஃப்" என்று ஆரம்பித்தாலே தண்ணீர் குடிக்க எழுந்து போய்விடுவேன். இப்போது இவள் சொன்ன அந்த ஒரு வார்த்தையை அந்த நாட்களில் நான் காதிலும் வாங்கவில்லை, வாயாலும் சொல்லவில்லை. அதனால்தான் அவள் பிழைத்தாள் என்று சொன்னால் டாக்டர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். குளிர் வந்தால் இன்றைக்கும் அவளுக்கு இழுக்கும், புத்தகப் பையில் இன்ஹேலர் இருக்கும். அந்த நெஞ்சை வைத்துக்கொண்டு இருமிவிட்டு இப்படிச் சொன்னால் எந்தத் தாய்க்குத் தாங்கும்?

மகள் அழவில்லை. கையிலிருந்த இறகை நீவிக்கொண்டே, "ஹீ ஹாட் பேட் லங்ஸ். லைக் மீ. தட்ஸ் வொய் ஐ பிக்ட் ஹிம்" என்றாள்.

அதுவரை அந்த ஆளை ஏன் பிடித்தாள் என்று நான் கேட்கவே இல்லை.

"இஃப் ஐ டோன்ட் சே ஹீ டைடு யங், நோபடி வில் நோ ஹவ் ஃபாஸ்ட் ஹீ ரோட்."

சீக்கிரம் போய்விட்டார் என்று சொன்னால்தானே எவ்வளவு வேகமாக எழுதினார் என்று தெரியும்? நியாயம் அவள் பக்கம். பயம் என் பக்கம். கருகிய தோசையை நானே தின்றேன். அவளிடம் சரி என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை.

மியூசியம் நடந்த காலையில் லீவு போட்டுவிட்டுப் போனேன். ஸ்கூல் ஜிம்மில் சுவரோரமாகப் பிள்ளைகள் சிலையாக நின்றார்கள். மூக்கு அரித்தாலும் சொறியக் கூடாது. என் சிலை ஒரு கையில் இறகும் இன்னொரு கையில் காகிதமுமாக, ஈரோட்டுத் துண்டுக்கு மேலே முகவாயை நிமிர்த்தி நின்றது. அவ்வளவு அழகாக இருந்தாள், கண் பட்டுவிடப் போகிறது என்று மனதுக்குள் சுற்றிப் போட்டேன்.

உடனே அவளிடம் போகவில்லை. விண்வெளி வீரர் பக்கம் நின்றுகொண்டு காதை இங்கே வைத்திருந்தேன். யார் யாரோ வந்து பொத்தானை அழுத்தினார்கள். ஒவ்வொரு முறையும் இருமினாள், ஒவ்வொரு முறையும் அதைச் சொன்னாள். ஒரு வரியைக்கூட விழுங்கவில்லை. நரைத்த தலைப் பெரியவர் ஒருவர் கேட்டு முடித்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினார்.

அவர் நகர்ந்ததும் நான் போய்ப் பொத்தானை அழுத்தினேன்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் இருந்த சுவரைப் பார்த்துத் தொடங்கினாள். ரொட்டிக் கடை, அச்சாபீஸ், மழை, மேய்ச்சல் நிலம், திட்டிய பத்திரிகைகள். பிறகு இருமல். பிறகு அந்த வார்த்தை. சொல்லிவிட்டு அப்படியே உறைந்துபோனாள்.

நான் நகரவில்லை.

சிலையின் உதடு லேசாக அசைந்தது. "அம்மா, நூறு சொல்லு."

தமிழில் கேட்டாள். "நூறு" என்றேன்.

"அவருக்கும் சொல்லு."

"நூறு" என்றேன், போயட் அங்கிளுக்கு.

எனக்குப் பின்னால் நின்றவர் பொறுமை இழந்து கையை நீட்டிப் பொத்தானை அழுத்தினார். என் மகள் நிமிர்ந்து, தான் பிறந்த ஊரைச் சொல்ல ஆரம்பித்தாள்.