மூன்று சென்டிமீட்டர் இல்லாத டேப்

பஸ் டிரைவர் வார்டை விட்டுக் கிளம்பியது ஒரு வியாழக்கிழமை, காலை பத்தேகால் மணிக்கு. நிமோனியாவோடு ஒன்பது நாள் மல்லுக்கட்டி ஜெயித்தவர், ஒரு கையில் துணிப்பையும் மறு கையில் மாத்திரைப் பொட்டலமுமாக நடந்துபோக, சித்தப்பா வார்டு வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அவருடைய கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார். நோயாளிகளை முகம் பார்த்து வரவேற்பார், கால் பார்த்து வழியனுப்புவார்.

"போயிட்டு வரேன் சார்" என்றார் டிரைவர், திரும்பி.

"போங்க. வராதீங்க."

எல்லோரிடமும் அப்படித்தான் சொல்வார். புதிதாக வந்தவர்கள் கோபித்துக்கொள்வார்கள். ஒரு அம்மாள், "இப்படி மூஞ்சியில அடிச்ச மாதிரி பேசற ஆள எங்கயும் பாத்ததில்ல" என்று படியிறங்கும் வரை புலம்பிக்கொண்டே போனாள். சித்தப்பா அவள் படியிறங்கும் அழகைப் பார்த்து, மூச்சு வாங்காமல் எத்தனை வார்த்தை பேசுகிறாள் என்று எண்ணிக்கொண்டிருந்தார். பதினாலு. திருப்தி.

சித்தப்பா நுரையீரல் டாக்டர். ஐம்பத்தெட்டு வயது. ஸ்டெதஸ்கோப்பைக் கழுத்தில் மாட்டாமல் பாண்ட் பாக்கெட்டில் சுருட்டி வைத்திருப்பார். கழுத்தில் தொங்குவது தையல்காரர்களின் மஞ்சள் டேப். அதைப் பார்த்துவிட்டு, சட்டை தைக்க அளவெடுக்க வந்தவர் என்று நினைத்து, "கொஞ்சம் லூசாவே விடுங்க" என்று கையைத் தூக்கிக் காட்டிய நோயாளிகள் உண்டு.

மூன்று வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு நான் அவர் வீட்டில் வந்து இறங்கிய அன்று, எப்படி இருக்கே என்று அவர் கேட்கவில்லை. "எத்தனை மணி நேரம் உக்காந்து வந்தே?" என்றார். பதினேழு என்றேன். பெட்டியைக் கீழே வைக்கும் முன் டேப் கழுத்திலிருந்து இறங்கிவிட்டது.

"மொதல்ல புள்ளைக்குத் தண்ணி குடுங்க, அப்புறம் அளங்க" என்று சித்தி உள்ளேயிருந்து சத்தம் போட்டார். என்னிடம் திரும்பி, "இவரு என்னை முதல் தடவை பாக்க வந்தப்ப தலையே நிமிரல. கூச்ச சுபாவம்னு நெனச்சு ஏமாந்துட்டேன்" என்றார்.

நுரையீரல் டாக்டருக்குக் காலில் என்ன வேலை? நானும் கேட்டேன். ஆஸ்பத்திரியில் அசையாமல் படுத்துக் கிடப்பவர்களுக்கும், மணிக்கணக்கில் உட்கார்ந்தே பயணம் செய்பவர்களுக்கும் கால் இரத்தக்குழாயில் இரத்தம் உறைந்து கட்டியாகிவிடும். கட்டி உள்ள கால் பெரும்பாலும் வீங்கும். "அந்தக் கட்டிக்கு ஒரே ரூட்டுதான் தெரியும். கால்ல ஏறுச்சுன்னா நேரா நுரையீரல்லதான் எறங்கும். நடுவுல ஸ்டாப்பிங் கிடையாது" என்றார். அது இறங்கிய பிறகு சிலருக்கு மூச்சுத் திணறும், சிலர் பேசிக்கொண்டிருக்கும்போதே சாய்ந்துவிடுவார்கள். ஆகவே அவர் வார்டில் தினமும் காலையில் எல்லோருக்கும் இரண்டு கெண்டைக்காலும் அளக்கப்படும். முட்டிக்குக் கீழே அரைச் சாணில் பேனாவால் நீலக்கோடு, அதன் மேல் டேப்.

உட்கார்ந்திருப்பவர்களைக் கண்டாலே அவருக்கு ஆகாது. எனக்கு உட்காரவே வராது. ஆகவே எங்களுக்குள் நல்ல ஒற்றுமை. மதியச் சாப்பாட்டு கேரியரைக் காலை ஒன்பதரைக்கே எடுத்துக்கொண்டு வார்டுக்குப் போய்விடுவேன். அங்கே நடக்கும் கூத்தை எந்த நாட்டிலும் டிக்கெட் வாங்கிக்கூடப் பார்க்க முடியாது.

ஒரே மூச்சில் ஒன்றிலிருந்து எத்தனை வரை எண்ண முடிகிறது என்று ஒவ்வொருவரையும் எண்ணச் சொல்வார். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் பதினேழிலிருந்து இருபத்தாறுக்குத் தாவினார்.

"கணக்கு வாத்தியாரே இப்படித் தாவலாமா?"

"எனக்குக் கணக்கு தெரியும் சார். என் மூச்சுக்குத் தெரியல."

நுரையீரலைச் சுற்றி நீர் கோத்தவர்களின் முதுகை விரலால் தட்டிக்கொண்டே இறங்குவார். 'டொம் டொம்' என்று கேட்டுக்கொண்டிருக்கும் சத்தம் எங்கே 'தத்' என்று செத்துப்போகிறதோ அங்கே பேனாவால் கோடு போடுவார். பிறகு எக்ஸ்ரே வரும். அதுவும் அதே இடத்தைக் காட்டினால், "பரவால்ல, மெஷினுக்கும் கொஞ்சம் தெரியுது" என்பார். வீட்டில் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியையும் இதேபோல் தட்டி அளவு சொல்வார். தொட்டியில் அவர் போட்ட நீலக்கோடுகளைச் சித்தி மாதம் ஒருமுறை அழிக்கிறார்.

இனி டேப்புக்கு வருவோம். அது சித்தியின் தையல் பெட்டியிலிருந்து வந்தது. முனை நைந்து நூல் நூலாகத் தொங்கியதால், முதல் மூன்று சென்டிமீட்டரைச் சித்தி கத்தரித்துவிட்டார். அது மூன்றில்தான் தொடங்கும். முப்பத்தைந்து சென்டிமீட்டர் காலை முப்பத்தெட்டு என்று சொல்லும்.

வார்டை ஆள்பவர் பெரிய சிஸ்டர். முப்பது வருட அனுபவம். டாக்டர்கள் கையெழுத்து போடும் முன் அவர் முகத்தை ஒருமுறை பார்த்துக்கொள்வார்கள். அவருக்கும் இந்த டேப்புக்கும் பல வருடப் பகை.

"எலி கடிச்ச டேப்ப வெச்சுக்கிட்டு வைத்தியம் பாக்கறீங்களே சார், வெளிய தெரிஞ்சா சிரிக்க மாட்டாங்க?"

"சிஸ்டர், எனக்கு வேண்டியது ரெண்டு காலுக்கும் உள்ள வித்தியாசம். ரெண்டு காலுக்கும் ஒரே பொய்யச் சொன்னா, கழிச்சுப் பாத்தா வர்றது உண்மைதானே?"

கணக்கு வாத்தியார் கட்டிலிலிருந்தே கையைத் தூக்கி, "சரியான வாதம்" என்றார். பெரிய சிஸ்டர் தன் சொந்தச் செலவில் ஆறு புது டேப்புகள் வாங்கி மேஜை டிராயரில் அடுக்கினார்.

அந்த வியாழக்கிழமை பன்னிரண்டு மணிக்கு நான் கேரியரைத் திறந்தேன். சித்தப்பா முதல் கவளத்தை எடுத்தார். பெரிய சிஸ்டர் நோட்டுகளை அடுக்கிக்கொண்டே, போகிற போக்கில் சொன்னார்:

"காலையில டிரைவருக்கு ஒரு கால் அளந்துட்டு ஓடிட்டீங்க சார், அந்த ஆறாம் நம்பர் இருமறாருன்னு. இன்னொரு கால நானே முடிச்சுட்டேன். என் புது டேப்ல. ஒரே சுத்து. எவ்வளவு சுளுவா இருக்கு தெரியுமா?"

வாய்க்குப் போன கை பாதி வழியில் நின்றது.

"வலது கால் முப்பத்தெட்டுன்னு எழுதியிருந்தீங்களே. எந்த முப்பத்தெட்டு?"

"முப்பத்தெட்டுல எத்தனை சார் இருக்கு?"

"ரெண்டு இருக்கு சிஸ்டர்" என்றார் சித்தப்பா. "ரெண்டு இருக்கு."

இடது கால் பழைய டேப்பில் முப்பத்தெட்டு என்றால் நிஜத்தில் முப்பத்தைந்து. வலது கால் புது டேப்பில் முப்பத்தெட்டு என்றால் அது நிஜ முப்பத்தெட்டு. நேற்றுவரை ஒரே அளவாக இருந்த கால்களுக்கு நடுவே ஒரே இரவில் மூன்று சென்டிமீட்டர். நோட்டில் மட்டும் 38, 38 என்று இரட்டைப் பிள்ளைகள் மாதிரி உட்கார்ந்திருந்தன. அதைப் பார்த்துத்தான் அவர் கையெழுத்து போட்டிருந்தார்.

"லேசாக் காலை இழுத்தாரு, பாத்தேன்" என்றார் என்னிடம். "பஸ் டிரைவரு, பிரேக் மிதிச்ச காலு, அப்படித்தான் இருக்கும்னு நானே சமாதானம் சொல்லிக்கிட்டேன்."

டிரைவர் எங்கே போனார் என்பது வார்டுக்கே தெரியும். ஒன்பது நாளாக அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்: தான் ஓட்டும் அதே வண்டியில், ஒரு மணிக்கு, முதல் சீட்டில், பயணியாக உட்கார்ந்து ஊருக்குப் போகப் போகிறார். பன்னிரண்டு மணி நேரம். "இத்தனை வருசத்துல முதல் தடவையா அசையாம உக்காந்து போகப் போறேன்" என்று பெருமை வேறு. நோட்டில் இருந்த வீட்டு எண்ணுக்கு அடித்தேன். அவர் மனைவி எடுத்தார். "பஸ்ஸுல ஏறினா போனை அணைச்சுடுவாருங்க. தொழில் பழக்கம்" என்றார். பஸ் டிப்போ எண் எடுப்பாரில்லாமல் அடித்துக்கொண்டே இருந்தது.

வீட்டு ஸ்கூட்டரை நான் ஓட்டும் வேகத்தைப் பற்றி மூன்று வாரமாகத் தினம் ஒரு பிரசங்கம் செய்துவந்த சித்தப்பா, கை கழுவாமலே பின்னால் ஏறி, ஒவ்வொரு சிக்னலிலும் என் தோளில் குத்தினார். "இன்னும் கொஞ்சம் முறுக்கேன். தெனமும் பறப்பே, இன்னிக்குப் பாத்துதான் சாதுவாப் போறே!"

பஸ் நிலையத்துக்குள் நுழைந்தபோது ஒரு மணிக்கு மூன்று நிமிடம் இருந்தது. பஸ் உறுமத் தொடங்கியிருந்தது. சித்தப்பா அதன் முன்னால் போய்க் கையை விரித்து நின்றார். கழுத்தில் டேப், விரல்களில் காய்ந்த சோறு.

"பின்னாடி இன்னொரு வண்டி வருது சார், அதுல வாங்க" என்றார் கண்டக்டர்.

முதல் சீட்டில் நம் டிரைவர். வண்டி ஓட்டுவது வேறு ஆள் என்றாலும் இவருடைய வலது கால் காற்றில் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டிருந்தது. சித்தப்பாவைக் கண்டதும் எழப் பார்த்தார்.

"என்ன சார், எதையாவது விட்டுட்டு வந்துட்டேனா?"

"நான்தான் விட்டுட்டேன். காலை நீட்டுங்க."

"நீங்கதானே வராதீங்கன்னு சொன்னீங்க?"

"அதான் நான் வந்திருக்கேன்."

நாற்பது பேர் எழுந்து நின்று பார்க்க, பஸ்ஸின் நடைபாதையில் மண்டியிட்டு அளந்தார். இடது முப்பத்தெட்டு. வலது நாற்பத்தொன்று. இரண்டும் அந்த எலி கடித்த டேப்பில்.

"படி ஏறும்போது மூச்சு வாங்குச்சா?"

"லேசா. படுத்தே கெடந்ததுனாலன்னு நெனச்சேன்." டிரைவர் குரலைத் தாழ்த்தினார். "சார், வீட்ல காத்துக்கிட்டிருப்பாங்க. சின்னவ நான் வர்ற வரைக்கும் தூங்க மாட்டேன்னு சொல்லியிருக்கா. நாளன்னைக்கு வந்துடறேனே?"

"கால்ல ஒண்ணு ஏறி உக்காந்திருக்கு. அது உங்களுக்கு முன்னாடியே கெளம்பிடும்."

பின்சீட்டில் ஒருவர், "ஆஸ்பத்திரிக்காரங்க பண்ற கூத்து! அனுப்பிட்டு அப்புறம் வந்து புடிக்கறாங்க" என்றார். சித்தப்பா மண்டியிட்டபடியே திரும்பினார். "ஆமாங்க. தப்பு என்னோடதுதான். ரெண்டு காலுக்கு ரெண்டு டேப்பு. கையெழுத்துப் போட்டது நான்." கண்டக்டர் டிரைவரின் துணிப்பையை எடுத்துக் கீழே வைத்தார். மூன்றாம் வரிசைப் பெரியவர் மட்டும் வேட்டியை லேசாக உயர்த்தி, "எனக்கும் ஒரு தடவ பாத்துடறீங்களா?" என்றார். சித்தப்பா பார்த்துவிட்டுத்தான் இறங்கினார்.

ஸ்கேனில் வலது காலின் பெரிய இரத்தக்குழாயில் கட்டி இருந்தது. ஒரு சின்னத் துண்டு ஏற்கெனவே நுரையீரலில் போய் இறங்கியிருந்தது. பெரியது இன்னும் காலில்தான் இருந்தது. இரத்தத்தை இளக்கும் ஊசி அன்று மாலையே தொடங்கியது. டிரைவர் பழைய கட்டிலுக்கே திரும்பினார். சின்ன மகளோடு போனில் பேசி, பஸ் பழுதாகிவிட்டது என்றார். "எந்த டயருப்பா?" என்று அவள் கேட்டாளாம். "முன்பக்கம், வலது" என்றாராம்.

மறுநாள் காலை சித்தப்பா சுருதி இறங்கி வார்டுக்குள் நுழைந்தார். பாக்கெட்டிலிருந்து முழுசான புது டேப் ஒன்றை எடுத்து மேஜையில் வைத்தார்.

"நீங்க சொன்னதுதான் சரி சிஸ்டர். இனிமே இதுதான்."

பெரிய சிஸ்டர் அதைப் பார்த்தார். அவர் முகம் போன போக்கு எனக்குப் புரியவில்லை. பிறகு டிராயரைத் திறந்தார். உள்ளே ஆறு புது டேப்புகள். அத்தனையின் முனையும் கச்சிதமாக மூன்று சென்டிமீட்டர் கத்தரிக்கப்பட்டிருந்தது.

"எல்லாம் ஒரே பொய்யா சொல்லட்டுமேன்னு நேத்து ராத்திரி வெட்டிட்டேன் சார்."

ஆறாம் நம்பர்க்காரர் சிரித்த சிரிப்பில் இருமல் வந்து, சளி வெளியேறி, அன்று முதல் அவருக்குக் குணமாகத் தொடங்கியது. அந்த ஆறும் பழையதுமாக ஏழு டேப்புகள் குப்பைக்கூடைக்குப் போயின. எட்டாவதான அந்த முழு டேப்பைச் சித்தப்பாவும் சிஸ்டரும் சேர்ந்து நின்று சரிபார்த்து, அதன் மேல் நூல் கட்டி மேஜைக் காலில் முடிந்தார்கள். அதற்கும் ஒரு நியாயம் வைத்திருந்தார் சித்தப்பா: மேஜையிடம் வர வேண்டும் என்றால் நோயாளி எழுந்து நடந்தாக வேண்டுமே. எழ முடியாதவர்களுக்கு மேஜையே போனது.

பதினோரு நாள் கழித்து டிரைவர் மறுபடி கிளம்பினார். பஸ்ஸில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கி நடக்க வேண்டும், ஆறு மாதம் மாத்திரை, மாதாமாதம் இரத்தப் பரிசோதனை. "போயிட்டு வ..." என்று தொடங்கியவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"போங்க" என்றார் சித்தப்பா. அன்று அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. தாழ்வாரத்தின் கோடி வரை கூடவே நடந்துபோனார்.

எனக்கும் கால் அரித்தது. நானும் கிளம்பினேன். எட்டு மாதம் கழித்து, வேறொரு நாட்டின் ரயில் நிலையத்தில் நான் நின்றுகொண்டிருந்தபோது டிரைவரிடமிருந்து ஒரு செய்தி வந்தது. அன்று போன் வந்த என் எண்ணை அவர் மனைவி சேமித்து வைத்திருக்கிறார். இரண்டு படங்கள். பஸ் படிக்கட்டில் இரண்டு கால்கள், முட்டிக்குக் கீழே நீலக்கோடு, ஒவ்வொன்றையும் சுற்றி டேப், டேப்பைப் பிடித்திருக்கும் சின்ன விரல்கள். கீழே: "டாக்டர் சாருக்குக் காட்டவும். மாத்திரை நிறுத்தியாச்சு. இடது 35, வலது 35. ஒரே டேப். அளந்தது சின்னவ."

சித்தப்பாவுக்கு அனுப்பினேன். பார்த்துவிட்டார் என்று போன் காட்டியது. இருபது நிமிடம் பதில் இல்லை. சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை போலும் என்று நினைத்தேன்.

பிறகு வந்தது. வலது கால் படத்தைப் பெரிதாக்கி, ஒரு மூலையில் நீலத்தில் வட்டம் போட்டிருந்தார்.

"டேப்போட ஆரம்பம் பாப்பா விரலுக்கு அடியில மறஞ்சிருக்கு. விரலை எடுத்துட்டு இன்னொண்ணு அனுப்பச் சொல்லு."