ரூபி சிஸ்டரின் கல்டிவேட்டரில் கோளாறு இல்லை

செய்தி எனக்கு இரண்டு முறை வந்தது. முதலில் சபை நிலத்தைப் பார்த்துக்கொள்ளும் வில்சன் தொலைபேசியில் அழைத்தார். "சார், ரூபி சிஸ்டர் போயிட்டாவ. காலம்பற ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போற வழியிலேயே." அரை மணி நேரம் கழித்துச் சபையின் வாட்ஸ்அப் குழுவில் வந்தது: "அன்பே உருவான, சாந்தமே வடிவான எங்கள் ரூபி அம்மா." அதன் கீழே வரிசையாகக் கூப்பிய கைகள்.

சாந்தம்! எழுதியவர் அவருடைய வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளிக் குடியிருப்பவர். தன் வாழ்நாளில் அந்த அம்மாளிடம் வசவு வாங்காமல் அவர் அந்தத் தெருவைக் கடந்ததில்லை. அடக்க ஆராதனையில் போதகர் அவரைக் கனிந்த மரம் என்றார். ஒருவர் தாயுள்ளம் என்றார். இன்னொருவர், "பாவம், அந்த ஓட்டை டிராக்டர மட்டும் விடவே மாட்டாவ" என்று சொல்லிச் சிரிக்க, மற்றவர்களும் சிரித்தார்கள். பிறகு என்னையும் பேசச் சொன்னார்கள். நானும் எழுந்து, ரூபி சிஸ்டரின் அன்பைப் பற்றி இரண்டு நிமிடம் பேசிவிட்டு உட்கார்ந்தேன். அங்கே பேசப்பட்டவற்றில் மிகக் கேவலமான பேச்சு என்னுடையதுதான். ஏன் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். இந்தச் சபை மடலுக்கு ஆசிரியன் நானே; வெட்டுவதற்கு வேறு ஆளில்லை.

ரூபி சிஸ்டர் மஸ்கட்டில் இருபத்திரண்டு ஆண்டுகள் நர்ஸாக இருந்தவர். திரும்பி வந்து, இராஜாக்கமங்கலம் போகிற சாலையோரத்தில் தகப்பனார் விட்டுப்போன இரண்டரை ஏக்கர் செம்மண்ணில் மரச்சீனிக் கிழங்கும் நிலக்கடலையும் போட்டார். கல்ஃபிலிருந்து வந்தவர் வீட்டை இடித்து மாடி கட்டுவார் என்று ஊர் எதிர்பார்த்தது. அவரோ எந்தக் காலத்திலோ ஒரு மிஷன் பண்ணைக்காகக் கப்பலில் வந்து, பிறகு யாருக்கும் வேண்டாமல் நெடுநாள் ஒரு கொட்டகையில் கிடந்த சின்ன டிராக்டரை வாங்கி வந்தார். பக்கத்தில் நின்றால் என் மார்பு உயரம்தான் இருக்கும். அதன் பின்னால் மாட்ட, ஒரு இரும்புச் சட்டத்தில் மண்ணைக் கிளறிக் களையெடுக்கும் நான்கு கொழுக்கள் கொண்ட கல்டிவேட்டர். ஒவ்வொரு கொழுவின் காலையும் சட்டத்தோடு ஒரு கிளாம்ப் பிடித்திருக்கும். கிளாம்பைத் தளர்த்தினால் கொழுவை இடம் வலமாக நகர்த்தலாம், மேலே கீழே ஏற்றி இறக்கலாம்.

அதை அவர் தயார்செய்வதைப் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்திருக்கிறேன். வீட்டு முற்றத்தின் சிமெண்டுத் தரையில் சாக்குக்கட்டியால் நான்கடி இடைவெளியில் கோடுகள் போடுவார். அவைதான் மரச்சீனி வரிசைகள். பின்சக்கரங்கள் இரண்டிலும் காற்று ஒரே அளவு இருக்கிறதா என்று பார்ப்பார். ஒரு கோடு வண்டியின் நட்டநடுவே வரும்படி டிராக்டரை நிறுத்தி, நான்கு சக்கரங்களையும் இரண்டு அங்குலப் பலகைகள் மேல் ஏற்றுவார். பிறகு கல்டிவேட்டரை இறக்கினால் நான்கு கொழுக்களின் நுனியும் ஒரே நேரத்தில் தரையைத் தொட வேண்டும். தொட்டால் நிலத்தில் இரண்டு அங்குல ஆழம். அடுத்து, கோட்டிலிருந்து இருபக்கமும் எட்டு அங்குலம் தள்ளிக் கொழு நிற்கிறதா என்று டேப்பை வைத்துப் பார்ப்பார். சரியாக வந்ததும், ஒவ்வொரு கிளாம்பின் ஓரத்திலும் சட்டத்தின் மேல் சிவப்பு நகப்பூச்சால் ஒரு கீறல் போடுவார். அரை நாள் போகும்.

புதிதாகப் பெரிய டிராக்டர் வாங்கிய ஒருவர் அந்த நேரம் பார்த்து வந்து, "என்ன சிஸ்டர், வண்டிக்குக் கல்யாண அலங்காரமா?" என்றார். ரூபி சிஸ்டர் நிமிரவில்லை. "உம்ம வண்டி உழுறதுக்கு. இது செடிக்கு நடுவுல போயி களை எடுக்க. வெட்டுகத்தியையும் ஆபரேஷன் கத்தியையும் ஒண்ணா போட்டு வைக்கிற வீட்டுல உமக்கு வைத்தியம் பாத்தா சம்மதமா?" வந்தவர் போய்விட்டார். இன்னொரு நாள், விவசாய வகுப்பு எடுக்க வந்த ஒரு இளைஞர், கண்ணளவாக வைத்தாலே போதும் என்றார். "தம்பி, கண்ணளவா ஊசி போட்ட நர்ஸுமாரு உண்டு. நான் அவுங்களுக்க பேஷண்டுகளத்தான் பாத்துக்கிட்டிருந்தேன்" என்றார்.

நாங்கள் எல்லோரும் அவர் பார்வையில் சோம்பேறிகள், பொய்யர்கள், டேப் பிடிக்கத் தெரியாதவர்கள். அந்தக் கணிப்பில் அவர் பெரும்பாலும் தவறவில்லை.

நான் முப்பது ஆண்டுகள் உயர்நிலைப் பள்ளியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவன். ஓய்வுக்குப் பிறகு சபையின் செயலாளர். சபை நிலம் இரண்டு ஏக்கரில், அசன விருந்துக்காக ஆண்டுதோறும் மரச்சீனி போடுவோம். களையெடுக்க ரூபி சிஸ்டர் டிராக்டரைத் தருவார். கல்டிவேட்டரை அவரே சரிசெய்து அனுப்புவார், வில்சன் ஓட்டுவார். பதினோரு ஆண்டுகளுக்கு முன் அவருடைய முற்றத்தில், போதகரும் இன்னும் நான்கு பேரும் இருக்கும்போது, நான் சொன்னேன்: செடியிலிருந்து எட்டு அங்குலம் தள்ளி வைத்தால் செடியோரத்துக் களை அப்படியே நிற்கும், நாலு அங்குலமே போதும் என்று. கையில் இருந்த சாக்குக்கட்டியால் தரையில் படமும் போட்டுக் காட்டினேன்.

ரூபி சிஸ்டர் படத்தைப் பார்த்தார். "வாத்தியாரே, கரும்பலகையில வேரும் கிடையாது, களையும் கிடையாது. அங்க நீரு நாலு அங்குலமும் வைக்கலாம், நாப்பதும் வைக்கலாம். நெலத்துப் பக்கம் மட்டும் வந்துராதேயும்."

போதகர் சிரித்தார். என்னைச் சுட்டது அந்தச் சிரிப்புதான். நாற்பத்தைந்து மாணவர்கள் எழுந்து நின்று வணக்கம் சொல்லப் பழகிய ஒரு மனிதன் எவ்வளவு அற்பமானவனாக இருக்க முடியும் என்பது எனக்கு அன்றே தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை.

மறுநாள் காலை சபை நிலத்தில் ஒரு வரிசை முடிந்ததும் வில்சன் டீசல் வாங்கப் போனார். கல்டிவேட்டர் தூக்கியபடி நின்றது. இருக்கைக்கு அடியில் ஸ்பேனர் இருந்தது. நான் நடுக்கொழுக்கள் இரண்டின் கிளாம்பையும் தளர்த்திச் செடிப் பக்கமாக நகர்த்தி மறுபடியும் இறுக்கினேன். அளக்கவில்லை. தளர்த்தியபோது கொழுவின் கால்கள் சறுக்கிக் கீழே இறங்கியதையும் கவனிக்கவில்லை. வில்சனிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இரண்டு வரிசை ஓட்டிவிட்டு அவர் கேட்டார்: "சார், வண்டி இன்னைக்கு என்னமோ இழுக்குது. சிஸ்டருக்குப் போன் போட்டுக் கேக்கட்டா?"

"மண்ணு ஈரம்லா, அப்படித்தான் இருக்கும். நீ ஓட்டு" என்றேன்.

வேலை முடிந்தபோது நிலம் அழகாகத்தான் இருந்தது. செடியோரம் வரை ஒரு களையில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன். மூன்றாம் நாள் செடிகள் வாடத் தொடங்கின. ஒரு வாரத்தில் முக்கால்வாசி சாய்ந்துவிட்டது.

கமிட்டி கூடியது. வில்சன் முன்பு குடித்துக்கொண்டிருந்தவர். விட்டு ஆறு வருடம் ஆகியிருந்தது. அந்தப் பழைய கதை அன்று அவசரமாகத் தேவைப்பட்டது. "நான் நேராத்தான் ஓட்டினேன் ஐயா. பிள்ள மேல சத்தியமா ஒரு சொட்டு தொடல்ல" என்று அவர் மூன்று முறை சொன்னார். நான் தலைகுனிந்து கூட்டக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தேன். ஓட்டுநரின் கவனக்குறைவால் பயிர் சேதம். மாத முடிவுக்குள் சபை வீட்டைக் காலிசெய்ய வேண்டும். அந்த வீட்டில் அவரும் மனைவியும் ஐந்தாம் வகுப்பில் படித்த மகளும் இருந்தார்கள். என் கையெழுத்து எப்போதும் அழகு. அந்தப் பக்கத்திலும் அழகாகத்தான் இருக்கிறது.

இரண்டு நாள் கழித்து ரூபி சிஸ்டர் என் வீட்டு வாசலில் நின்றார். "செருப்ப மாட்டிட்டு வாரும்" என்றார். நிலத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஒரு செடியோரத்தில் கையால் மண்ணைத் தோண்டி, அறுபட்ட வேர்களைக் காட்டினார். கொழு போன தடத்தை டேப்பால் அளந்தார். ஒரு பக்கம் நாலு அங்குலம், இன்னொரு பக்கம் மூன்று. ஆழம் நாலு. அங்கிருந்து தன் முற்றத்துக்கு அழைத்துப் போய்க் கல்டிவேட்டரைக் காட்டினார். நகப்பூச்சுக் கீறல்கள் ஓரிடத்திலும் கிளாம்புகள் வேறிடத்திலும் இருந்தன.

"வில்சன் டீசலுக்குப் போனப்பம் அங்க யாரு நின்னான்னு கேட்டேன். சார் மட்டும் நின்னாருன்னான். அவனுக்கு அதுக்க மேல யோசிக்கத் தெரியல்ல. வாத்தியார்னா அவனுக்கு அவ்வளவு மரியாதை. இப்பம் சொல்லும், இத மாத்தினது யாரு?"

"வில்சனே மாத்தியிருக்கலாம்" என்றேன். இதையும் சொன்னேன்.

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். "ஞாயித்துக்கெழம அறிவிப்பு வாசிப்பீருல்லா? அதோட சேத்து இதையும் வாசியும்" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

கோயிலுக்கு எப்போதாவது வருகிறவர், அந்த ஞாயிற்றுக்கிழமை பெண்கள் பக்கம் மூன்றாவது பெஞ்சில் வந்து உட்கார்ந்திருந்தார். நான் திருமண அறிவிப்பு வாசித்தேன். வாலிபர் கூட்டம் வாசித்தேன். பிறகு, இரண்டு இரவு உட்கார்ந்து எழுதி வைத்திருந்த வாக்கியத்தை வாசித்தேன். "சபை நிலத்தில் பயிர் சேதமானதற்கு ரூபி சிஸ்டருடைய பழைய கல்டிவேட்டரில் இருந்த கோளாறே காரணம் என்று தெரியவந்துள்ளது. சகோதரர் வில்சன் மேல் குற்றமில்லை; அவர் தொடர்ந்து பணியில் இருப்பார்."

வில்சனின் மனைவி சத்தமாக அழுதுவிட்டார். எல்லோரும் ரூபி சிஸ்டரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் எழுந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் கதை முடிந்திருக்கும். கமிட்டி மறுபடியும் கூடும், விசாரணை நடக்கும், வீட்டு விஷயமும் மறுபடியும் ஆடத் தொடங்கும். அவர் எழவில்லை. ஆராதனை முடிந்து வாசலில் என்னைக் கடக்கும்போது சொன்னார்: "வில்சனுக்கு வீடு கெடச்சாச்சு. அது போதும். உமக்கு என்ன கெடச்சுதுன்னு நீரே பாத்துக்கிடும்."

பிறகு நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும், காரணம்தான் தெரியாது. மரச்சீனிக்கும் கடலைக்கும் அந்த டிராக்டரைக் கேட்டு வந்துகொண்டிருந்த ஐந்தாறு பேரும் வருவதை நிறுத்தினார்கள். ஓட்டை டிராக்டர் என்ற பெயர் வந்தது. ரூபி சிஸ்டர் மறுத்துப் பேசவில்லை. எழுபது வயது தாண்டியும் தன் நிலத்தில் தானே ஏறி ஓட்டினார். அவருடைய வரிசையில் ஒரு செடி சாய்ந்து நான் பார்க்கவில்லை. நீங்களும் பார்த்திருக்க மாட்டீர்கள். ஆனாலும் ஓட்டை டிராக்டர் என்றீர்கள். சபைச் செயலாளர் வாசித்துவிட்டால் உங்களுக்குக் கண் எதற்கு?

அடக்கம் முடிந்த மறுநாள் வில்சனைத் தேடிப்போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். "பொறவு ரெண்டு மட்டம் வண்டி ஓட்டித் தாரியான்னு சிஸ்டர் என்னக் கூப்பிட்டாவ சார். உங்க வண்டிய நான் தொடமாட்டேன், என் குடும்பத்த நடுத்தெருவுல நிறுத்தப் பாத்த வண்டின்னு மூஞ்சிக்கு நேரா சொன்னேன். அவிய, சரி மக்கான்னுட்டுப் போனாவ" என்றார். அதன் பிறகு அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் கிளம்பும்போது எழுந்திருக்கவும் இல்லை.

இந்த மடல் உங்கள் கைக்கு வரும்போது நான் செயலாளராக இருக்க மாட்டேன். கூட்டக் குறிப்பைத் திருத்தும்படி போதகருக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். இதற்காக யாரும் என்னைப் பெரிய மனதுக்காரன் என்று சொல்ல வேண்டாம். சொல்லக்கூடியவர்கள் நீங்கள் என்பதால் முன்கூட்டியே கேட்டுக்கொள்கிறேன். அவர் உயிரோடு இருந்த பதினோரு ஆண்டுகளில் ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட எனக்கு வாய் வரவில்லை.

அந்த ஆண்டுகளில் நாங்கள் பலமுறை எதிரெதிரே வந்திருக்கிறோம். கடைத்தெருவில் எல்லோரும் எனக்கு வணக்கம் சொல்வார்கள். ரூபி சிஸ்டர் மட்டும் நின்று ஒரு முறை பார்த்துவிட்டுப் போவார். வெறுப்பு இருக்காது அதில். நான் யார் என்று தெரிந்த பார்வை, அவ்வளவுதான். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுதான். இந்த ஊரில் என்னை உள்ளபடி அறிந்திருந்தவர் அவர் ஒருவரே. அவரை மண்ணுக்குள் இறக்கியபோது எனக்குள் முதலில் வந்தது துக்கமல்ல, நிம்மதி. அதைக் கண்டுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.