சுடுமல்லி பிடுங்கிய சனிக்கிழமை

களை பிடுங்குவதில் நான் கெட்டிக்காரி. இதை நானாகச் சொல்லவில்லை. மூன்றாம் ஆண்டு படிக்கும்போது எங்கள் தமிழ்ப்பள்ளியில் கோத்தோங் ரோயோங் நடந்தது. பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து பள்ளி வளாகத்தைச் சுத்தம் செய்யும் நாள் அது. வேர் அறாமல் அதிகம் பிடுங்கியவள் என்று வகுப்பாசிரியை என்னை முன்னால் நிறுத்திக் கைதட்ட வைத்தார். அந்தக் கைதட்டல் கடைசியில் அத்தையின் தலையில்தான் விடிந்தது.

அத்தை அப்பாவின் தங்கை. பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடி வீட்டில் எங்களோடுதான் இருந்தார். செமினி பக்கம் ஒரு விவசாய ஆய்வுப் பண்ணையில் வேலை. என்ன வேலை என்று யாராவது கேட்டால் அப்பா முந்திக்கொண்டு, "ஜாகோங்குக்குக் கல்யாணம் பண்ணி வைக்கிறா" என்பார். ஜாகோங் என்றால் சோளம்; அது பொய்யுமில்லை. ஒரு சோளச் செடியின் மகரந்தத்தைக் காகிதப் பையில் பிடித்து, இன்னொரு செடியின் கதிர் நூலில் தூவி, வேறு மகரந்தம் படாமல் பை மாட்டித் தேதி எழுதி வைப்பார். ஊர்ச் சோளத்துக்கெல்லாம் மாப்பிள்ளை பார்க்கிறாள், தனக்கு ஒன்று பார்க்க மாட்டேன் என்கிறாள் என்பது அம்மாவின் தீராத குறை.

சனிக்கிழமைகளில் அம்மாவுக்குக் கிள்ளான் துணிக்கடையில் வேலை இருக்கும். அப்பா லோரியோடு எங்காவது போயிருப்பார். அதனால் நான் அத்தையின் ‘கஞ்சில்’ என்ற பழைய குட்டிக் காரில் ஏறிச் செமினிக்குப் போய்விடுவேன். அங்கே வலைக்கூடாரத்துக்குள் வரிசை வரிசையாகத் தொட்டிகள். மற்ற பயிர்களெல்லாம் வெளியே தளதளவென்று நிற்க, அத்தையின் சோளம் மட்டும் வெளுத்த, உப்புச்சப்பில்லாத மண்ணில் நிற்கும். உரம் கிடையாதா என்று கேட்டேன்.

"நல்ல மண்ணுல யார் வேணாலும் வளருவாங்க லா, பாப்பா. உரம் வாங்க வழியில்லாதவங்க நிலத்துலயும் இது வளரணும். அங்க பிள்ளைங்க மூணு வேளையும் இதத்தான் சாப்பிடுதுங்க. அதனால சத்தும் இருக்கணும்."

அந்தத் தொட்டிகளில் செய்யும் ஆய்வின் முடிவைக் காட்டினால் அத்தைக்கு வெளிநாட்டில் மேற்படிப்புக்கு இடம் கிடைக்கும் என்று வீட்டில் பேச்சு இருந்தது. இரண்டு வருடமாக அதற்காகத்தான் ஞாயிற்றுக்கிழமைகூடப் பண்ணைக்கு ஓடினார். விமானத்தில் போவார் என்பது எனக்குப் பெருமை. திரும்பி வர மூன்று வருடம் ஆகும் என்பது பிடிக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை அத்தையை அலுவலகத்தில் கூப்பிட்டார்கள். "சோளத்தத் தொடாத" என்று வழக்கம்போலச் சொல்லிவிட்டுப் போனார். நான் தொடவில்லை. ஆனால் ஒவ்வொரு தொட்டியிலும் சோளத்தின் காலடியில் சின்னச் சின்னச் சிவப்புப் பூவோடு களை மண்டிக்கிடந்தது. இவ்வளவு படித்தவர் இதைக் கவனிக்கவில்லையே என்று எனக்கு வருத்தமாக இருந்தது. களையைத் தொடாதே என்று உலகத்தில் யாராவது சொல்லி வைப்பார்களா?

அத்தை திரும்பி வந்தபோது நாற்பது தொட்டிகளும் பளிச்சென்று இருந்தன. எல்லாக் களையையும் ஒரே வாளியில் போட்டிருந்தேன். கைதட்டலுக்காக நின்றேன்.

அத்தை வாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். ஒரு களையை எடுத்தார், ஒரு தொட்டியைப் பார்த்தார், திரும்ப வைத்தார். இன்னொன்றை எடுத்தார். எது எந்தத் தொட்டியில் இருந்தது என்று என்னிடம் கேட்டார். எனக்கு எப்படித் தெரியும்?

"இது சுடுமல்லி, பாப்பா. சோளத்தோட வேர்லயே ஒட்டிக்கிட்டு அது சத்த உறிஞ்சும். நாந்தான் விதைச்சேன். இது ஒட்டிக்கிட்டிருந்தும் எந்தச் சோளம் கதிர் வைக்குதுன்னு பாக்கணும்."

"இப்ப எல்லாமே நல்லா வளரும்ல, அத்த?"

"வளரும்" என்றார். "அதான் பிரச்சனை."

சிறிது நேரத்தில் பண்ணை அதிகாரி வந்து, தொட்டிகளைப் பார்த்து நின்றுவிட்டார். நான் அத்தையின் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

"நாந்தான் சார். வேற தொட்டின்னு நெனச்சு பிடுங்கிட்டேன்" என்றார் அத்தை.

"நீயா? இனி அடுத்த சீசன்லதான் மறுபடி விதைக்கணும்லா" என்றார் அவர். அவர் நம்பவில்லை என்பது இப்போது தெரிகிறது.

திரும்பும் வழியில் காஜாங்கில் காரை நிறுத்தி, எனக்கு அவித்த சோளம் ஒன்று வாங்கித் தந்தார். தனக்கு வாங்கவில்லை. திட்டும் விழவில்லை, தின்னவும் கிடைத்தது. தப்பு அவ்வளவு பெரிதில்லை போலிருக்கிறது என்று நிம்மதியாகத் தின்றேன். அதை நினைத்தால் இன்றும் எனக்குக் கூசுகிறது.

சாயங்காலம் அத்தை சமையலறையில் அம்மாவோடு வெங்காயம் உரித்துக்கொண்டே, இந்த வருடம் படிக்கப் போகவில்லை என்று சொன்னார். ஏன் என்று சொல்லவில்லை. அப்பா கூடத்திலிருந்தபடியே, "அதுவும் நல்லதுதான். நீ போயிட்டா சனிக்கிழமை பாப்பாவ யார் பாத்துக்குவா?" என்றார். அம்மாவும் தலையாட்டினாள்.

அத்தை அடுத்த வருடமும் போகவில்லை. அப்போது தம்பி பிறந்திருந்தான்.

அந்தச் சாயங்காலம் நான் அத்தையின் இடுப்பை இறுக்கிக் கட்டிக்கொண்டு, "எங்கேயும் போகாதீங்க, அத்த" என்று குதித்தேன். வெங்காயக் கையை என் மேல் படாமல் தூக்கிப் பிடித்தபடி, விழாமல் இருக்க ஒரு கால் அகட்டி வைத்து நின்றார். வீட்டிலேயே அன்று அதிகம் சந்தோஷப்பட்டவள் நான்தான்.