வசந்தா மேடம் நிரப்பாமல் விட்ட இரண்டு கட்டங்கள்

வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணிக்கு அலுவலகத் தொலைபேசி அடித்தது. நான்தான் எடுத்தேன். திலக் நகரிலிருந்து ஒரு பெண்குரல். "வசந்தா மேடம் பக்கத்து வீட்டிலிருந்து பேசறேன். மேடம் காலைல தவறிட்டாங்க சார்." அதற்கு நான் சொன்ன பதிலை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. "மேடம் இன்னிக்கு அரை நாள் லீவும்மா, மத்தியானம்தான் வருவாங்க" என்றேன்.

முந்தின நாள் மாலை என் எதிரில் நின்று குடையைச் சுருட்டிக் கைப்பையில் வைத்தவர். "நாளைக்கு ஒரு சின்ன வேலை இருக்கு, வந்து சொல்றேன் சார்" என்று சிரித்தவர். ஐம்பத்தோரு வயது. காபி டம்ளரைக் கையில் எடுத்தாராம், உட்கார்ந்தாராம், அவ்வளவுதானாம். இது என்ன நியாயம்? பத்து நாளாகிறது. முதல் சில நாள் எனக்கு அழுகையே வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

மாட்டுங்கா, செம்பூர், தாராவித் தமிழர்களில் வெளிநாட்டுக்கு வண்டி ஓட்டப் போனவர்களுக்கு அவரைத் தெரியாமல் இருக்காது. எங்கள் வாகன ஓட்டிகள் சங்கத்தில் சர்வதேச ஓட்டுநர் பெர்மிட் எழுதித் தரும் மேசையில் பதினெட்டு வருடம் இருந்தார். பக்கத்து மேசை என்னுடையது. விண்ணப்பத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் வாங்க மாட்டார். "அப்புறமா நிரப்பிக்கலாமே, வாங்கி வையுங்க" என்று நான் பரிந்து பேசுவேன். "குறை இருக்கிற ஃபாரத்தை நாம ஒரு ராத்திரிகூட வச்சிருக்கக் கூடாது சார். அன்னிக்கே அவங்க கையிலயே திருப்பிக் கொடுத்துடணும்" என்பார். இவர் ஒருத்தரால்தான் அரசாங்கமே நடக்கிறது என்று நான் மற்றவர்களிடம் நக்கலடித்ததும் உண்டு. அதையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

நாலு வருடத்துக்கு முன் நடந்தது இது. தாராவியிலிருந்து இஸ்மாயில் என்று ஒருவர் வந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். வளைகுடாவில் ஒரு கம்பெனியில் டிரைவர் வேலை, மறுநாள் காலை விமானம். வசந்தா சாப்பிடப் போயிருந்ததால் பெர்மிட்டை நானே எழுதிக் கொடுத்தேன். பெர்மிட் புத்தகத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "இது மட்டும் போதும்லா சார்? அசல் லைசென்ஸ வீட்ல பத்திரமா வச்சிட்டுப் போவலாம்லா? அங்க கொண்டுபோயித் தொலைச்சிட்டா பெறவு என்ன செய்ய?" என்று கேட்டார். வரிசையில் இன்னும் ஏழு பேர் நின்றார்கள். "போதும், போதும்" என்று அனுப்பிவிட்டேன்.

வசந்தா திரும்பி வந்ததும் இதைப் பேச்சுவாக்கில் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. "என்ன சார் இப்படிப் பண்ணிட்டீங்க? நாம கொடுக்கிறது வெறும் மொழிபெயர்ப்பு. மூலம் கையில இல்லாம மொழிபெயர்ப்பை வச்சு அவர் என்ன பண்ணுவார்? அங்கே லைசென்ஸுக்கு டெஸ்ட் கொடுக்கப் போனாலும் முதல்ல அசலைத்தானே கேட்பான்?" பதிவேட்டில் முகவரியைப் பார்த்துக் குறித்துக்கொண்டு செருப்பை மாட்டினார். நான் முணுமுணுத்துக்கொண்டே பின்னால் போனேன்.

தாராவியில் வீட்டைக் கண்டுபிடித்தால் இஸ்மாயில் இல்லை, அவர் மனைவிதான் இருந்தார். "அசலா? எங்க காக்கா இன்னைக்கி ஊருக்குப் போறாவ மேடம். உம்மாட்ட குடுத்து பெட்டில பூட்டி வைக்கச் சொல்லி அவிய கையில குடுத்துவுட்டாச்சே" என்றார் பெருமையாக. காக்கா என்றால் அவருடைய அண்ணன், பெயர் காதர்; உம்மா என்றால் அம்மா. ரயில் தாதருக்கு வர முக்கால் மணி நேரம்தான் இருந்தது.

தாதர் பிளாட்பாரத்தில் வசந்தாவை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பதினெட்டு வருடத்தில் அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அன்றைக்கு மட்டும்தான். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, "காதர்! இஸ்மாயில் மச்சான் காதர்!" என்று பெட்டி பெட்டியாகக் கத்திக்கொண்டு ஓடினார். எட்டாவது பெட்டி ஜன்னலிலிருந்து பயந்துபோன ஒரு முகம் எட்டிப் பார்த்தது. உம்மாவுக்கு வாங்கிய சேலை மடிப்புக்குள் பிளாஸ்டிக் பையில் சுற்றி அந்த லைசென்ஸ் இருந்தது. அவர் ஜன்னல் வழியாக நீட்டவும் வண்டி நகரவும் சரியாக இருந்தது. இஸ்மாயில் போன முதல் வாரமே சாலையில் நிறுத்தி இரண்டையும் கேட்டார்களாம். இன்னமும் அங்கேதான் வேலை பார்க்கிறார். தப்பு செய்தவன் நான் என்று வசந்தா யாரிடமும் சொன்னதில்லை. இதைப் படித்துத்தான் என் மேலதிகாரிக்கே தெரியப்போகிறது.

இனி, நான் சொல்ல வந்ததைச் சொல்கிறேன். திங்கட்கிழமை அவருடைய மேசையை ஒழிக்கும் வேலை என் தலையில் விழுந்தது. இழுப்பறையின் அடியில் ஒரு பெர்மிட் விண்ணப்பம். அதில் ஒட்டியிருந்தது வசந்தாவின் புகைப்படம். பெயர், முகவரி, பிறந்த தேதி எல்லாம் அவருடைய முத்துமுத்தான கையெழுத்தில். உரிம எண் என்ற கட்டம் காலி. போகும் நாடு என்ற கட்டமும் காலி.

வசந்தாவுக்கு வண்டி ஓட்டத் தெரியுமா? அவர் கணவரிடம் போய்க் கேட்டேன். "ஞாயிற்றுக்கிழமை காலைல கோயிலுக்குன்னுதானே சார் கிளம்புவா" என்று என்னையே வெறித்துப் பார்த்தார். விசாரித்துப் பார்த்தால், வசந்தா கிங்ஸ் சர்க்கிளில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் ஆறு மாதமாகக் கற்றுக்கொண்டிருந்திருக்கிறார். போன மாதம் டெஸ்டில் தேறியிருக்கிறார். அந்த வெள்ளிக்கிழமை அரை நாள் லீவு போட்டது லைசென்ஸை வாங்கிவரத்தான். பெர்மிட் புத்தகங்கள் அவர் கைக்கு எட்டும் தூரத்தில் கிடந்தன. ஆனாலும் அசல் வராமல் தனக்குக்கூட ஒன்றை எழுதிக்கொள்ளவில்லை, அந்த அம்மாள்.

லைசென்ஸையாவது வாங்கி அவர் கணவரிடம் கொடுக்கலாம் என்று, டெஸ்டில் தேறியதற்கு அவருக்குக் கொடுத்திருந்த சீட்டை எடுத்துக்கொண்டு ஆர்டிஓ அலுவலகத்துக்குப் போனேன். ஜன்னலில் இருந்தவர் சீட்டைப் பார்த்துவிட்டு, "ஆப் நஹி. மேடம் கோ பேஜோ" என்றார். உங்களிடம் தர முடியாது, அவரை நேரில் அனுப்புங்கள் என்கிறார். வரிசையில் எனக்குப் பின்னால் நின்றவர்களுக்கு வழிவிட்டு வெளியே வந்து படியில் உட்கார்ந்துவிட்டேன். அங்கேதான் அழுதேன்.

இப்போது அவர் மேசையையும் சேர்த்து நான்தான் பார்க்கிறேன். புத்தகத்தை வாங்கிக்கொண்டு கிளம்புகிற ஒவ்வொருவரையும் நிறுத்தி, "அசல் கையில இருக்கா? அதையும் கூடவே கொண்டு போகணும்" என்று சொல்லித்தான் அனுப்புகிறேன். அது வசந்தாவிடமிருந்து எனக்கு வந்தது. அந்த விண்ணப்பமும் என்னிடம்தான் இருக்கிறது. எந்த நாட்டுக்குப் போக நினைத்தார் என்று அவர் கணவருக்கும் தெரியவில்லை, எங்களில் யாருக்கும் தெரியவில்லை. குறை இருக்கிற ஃபாரத்தை ஒரு ராத்திரிகூட வைத்திருக்கக் கூடாது, அவர்கள் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்பார். நான் யார் கையில் கொடுப்பேன், வசந்தா?