கார் ஓட்ட முடியாதவளுக்கு எந்த ஊர்? மாண்ட்ரியலில் நடந்து பார்த்தது

போன அக்டோபர் இரண்டாவது வாரத்தில் மாண்ட்ரியல் போயிருந்தேன். எல்லாரும் அந்த மாதத்தில் இலை நிறம் மாறுவதைப் பார்க்கப் போவார்கள். நான் குடியிருக்க இடம் பார்க்கப் போனேன்.

அதற்கு முந்தைய வசந்தத்தில் கண் மருத்துவர் இனி நான் கார் ஓட்டக்கூடாது என்று சொல்லிவிட்டார். எனக்கு ஓரப் பார்வை கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கி வருகிறது. பகலில் சமாளித்துவிடுவேன். வெளிச்சம் மங்கினால் காலடியில் இருப்பதுகூடத் தெரியாது. வயது நாற்பத்தாறு, கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பிறந்த ஊர் சேலம். ஹூஸ்டனில் பல வருடம் இருந்துவிட்டு, பிறகு டொராண்டோவுக்குப் பக்கத்தில் பிராம்ப்டனுக்கு வந்தேன். வீட்டிலிருந்தே செய்கிற வேலை. ஆகவே காரும் துணையும் இல்லாத ஒருத்தி வாழக்கூடிய ஊர் எது என்பதுதான் என் கேள்வி. என் நிலையில் இருக்கும் யாருக்காவது உதவும் என்று எழுதுகிறேன்.

நான் வாழ்ந்த ஊர்களையும் வேலைக்காகப் போன ஊர்களையும் முதலில் சொல்லிவிடுகிறேன். ஹூஸ்டனில் என் பகுதியில் நடைபாதை ஒரு வீட்டு வாசலில் தொடங்கி அடுத்த வீட்டோடு முடிந்துவிடும். ஒருநாள் பால் வாங்க நடந்து போனபோது, கார் பழுதாகிவிட்டதா என்று இரண்டு பேர் வண்டியை நிறுத்திக் கேட்டார்கள். சிகாகோ கட்டம் போட்ட ஊர், திசை தப்பாது. ஆனால் அலுவலகம் விட்டதும் நடுநகரம் வெறிச்சோடிவிடும். நியூயார்க்கில் எப்போதும் ஆள் நடமாட்டம் உண்டு. அங்கே நடுவழியில் ஒரு நொடி நின்றால் பின்னால் வருபவர் இடித்துவிட்டுப் போவார். பக்கத்தில் வருவது தெரியாத எனக்கு அந்த வேகம் ஒத்துவராது. டொராண்டோ நடுநகரத்தில் நடந்தே வாழலாம். வாடகைதான் என் சம்பளத்தில் பாதியைத் தாண்டியது. மிச்சம் இருந்தது மாண்ட்ரியல்.

டொராண்டோவிலிருந்து ரயில். ஏறத்தாழ 540 கிலோமீட்டர், ஐந்தரை மணி நேரம் ஆனது. ஜன்னல் ஓரம் உட்கார்ந்தால் பாதி வழி ஏரி தெரியும் என்று படித்திருந்தேன். அவ்வளவெல்லாம் தெரியவில்லை.

தங்க இடம் கொடுத்தவர் என்னோடு வேலை செய்யும் ஒரு பெண்ணின் சித்தி, ரோசலின் அக்கா. அறுபதைத் தாண்டியவர், இலங்கையில் மன்னார்க்காரர். மாண்ட்ரியலின் மேற்கு ஓரத்தில், பியர்பொன்ட்ஸில் சொந்த வீடு. கணவர் இறந்து இரண்டு குளிர்காலம் ஆகிறது. அவருடைய கார் இன்னும் வாசலில் நிற்கிறது. மகன் வரும்போது இன்ஜினைக் கொஞ்சநேரம் ஓடவிட்டுப் போவானாம். அக்காவுக்கு ஓட்டத் தெரியாது.

பியர்பொன்ட்ஸ் அழகான இடம்தான். தனி வீடுகள், புல்வெளி, பெரிய மரங்கள். ஆனால் தெருவில் மனிதரைக் காண முடியாது. ஹூஸ்டனைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தது போல இருந்தது. பேருந்தில் கோட்-வெர்ட்டு மெட்ரோவுக்கு வந்து, ஸ்னோடனில் நீல வழித்தடத்துக்கு மாறி, வில்லரே என்ற பகுதிக்குப் போய்ச் சேர எனக்கு ஒன்றரை மணி நேரம் பிடித்தது. டிக்கெட் மூன்றே முக்கால் டாலர். பேருந்து, மெட்ரோ இரண்டுக்கும் அதுவே போதும்.

வில்லரேயில் இறங்கியதும் எனக்குப் பிடித்துவிட்டது. மாடி வீடுகளுக்குப் படிக்கட்டு வெளியே, தெருவைப் பார்த்து இறங்குகிறது. அந்தப் படிகளில் ஆட்கள் உட்கார்ந்து காபி குடிக்கிறார்கள், சைக்கிள் துடைக்கிறார்கள், சண்டைகூடப் போடுகிறார்கள். வீடுகளுக்குப் பின்னால் இருக்கும் சந்துகளில் துணி காய்கிறது. கார்டெரி என்று சொல்லும் பகல்நேரக் காப்பகத்துக் குழந்தைகள் ஒரே கயிற்றைப் பிடித்துக்கொண்டு வரிசையாகப் போனார்கள். முனைக்கு முனை தெப்பனர் என்ற சின்னக் கடை இருக்கிறது. பால், ரொட்டி, பீர் எல்லாம் அதிலேயே கிடைக்கும். என் வேகத்தில் நடந்தேன், யாரும் இடிக்கவில்லை.

ஆனால் மூன்றாம் நாள் மதியம் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது, காலையிலிருந்து நான் பேசியது "போன்ஜூர்", "மெர்சி" என்ற இரண்டு சொற்கள் மட்டும்தான் என்பது உறைத்தது. ஹூஸ்டனிலும் நாள் முழுக்கப் பேசாமல் இருந்திருக்கிறேன். அங்கே கண்ணாடி ஏற்றிய காருக்குள் இருந்ததால் அது தெரியவில்லை. இங்கே சுற்றிலும் சிரிப்பும் பேச்சும். அதில் ஒரு வரிகூட எனக்குப் புரியவில்லை. எழுந்து நடந்தேன்.

நடந்தபடியே, தமிழர் கடைகள் இருக்கும் பக்கத்துப் பகுதியான பார்க்-எக்ஸ்டென்ஷன் வந்துவிட்டேன். நேரத்தைப் பார்க்கவில்லை. அக்டோபரில் ஆறு மணிக்கெல்லாம் சூரியன் போய்விடும். நடைபாதையைத் தோண்டி, ஆரஞ்சு நிறக் கூம்புகளை வைத்திருந்தார்கள். எனக்கு அவை தெரியவில்லை. ஒன்றில் கால் இடறிக் கம்பித் தடுப்பின் மேல் விழுந்தேன். "அம்மா" என்று வாய்விட்டுக் கத்தியிருக்கிறேன். பக்கத்துக் கடையிலிருந்து ஒருவர் வெளியே வந்தார்.

"தங்கச்சி, மெல்ல எழும்புங்கோ. அடி பட்டதோ?"

"முட்டிதான். பரவாயில்ல அண்ணே."

"போனைப் பாத்துக்கொண்டு வந்தனீங்களோ?"

"இல்ல."

"ஆரோட வந்தனீங்கள்?"

"தனியாத்தான் வந்தேன்." அதற்குமேல் மறைக்க முடியவில்லை. "எனக்கு இருட்டினா கண்ணு தெரியாது, அண்ணே." மருத்துவரைத் தவிர வேறு யாரிடமும் அதுவரை நான் இதைச் சொன்னதில்லை.

அவர் என்னைக் கடைக்குள் உட்கார வைத்தார். முட்டியைத் துடைக்கத் தண்ணீர் தந்தார். பிறகு கடையைப் பூட்டி, "என்ர கையைப் பிடியுங்கோ. மெட்ரோ மட்டும் வாறன்" என்று சொல்லி பார்க் நிலையம் வரை கூட்டிப்போனார். வழி முழுக்க, "இப்ப படி, இப்ப பள்ளம்" என்பதைத் தவிர வேறு பேசவில்லை. கீழே விளக்கு வெளிச்சத்துக்கு வந்ததும், "இனிச் சமாளிப்பீங்கள்தானே?" என்று கேட்டுவிட்டுத் திரும்பினார். ரயில் வரும்வரை எனக்கு அழுகை நிற்கவில்லை. கோட்-வெர்ட்டுவில் இறங்கி, வீட்டு வாசல் வரை டாக்ஸியில் போனேன்.

ரோசலின் அக்கா கதவைத் திறந்ததும் முட்டியைத்தான் பார்த்தார். எல்லாவற்றையும் சொன்னேன். மஞ்சள் போட்ட பாலை முன்னால் வைத்துவிட்டு, தன் கதையைச் சொன்னார்.

"மனுசன் இருக்கேக்க எல்லா இடமும் ஏத்திக்கொண்டு போவார். இப்ப கோயிலுக்கு எண்டாலும் ஆரும் வருவினமோ எண்டு ஜன்னலைப் பாத்துக்கொண்டு நிக்கிறன். சந்தைக்குப் போயே ரெண்டு வருசம்." கோயில் என்று அவர் சொன்னது மாதா கோயிலை.

"பஸ்ல போகலாமே அக்கா?"

"எங்க மாறுறது எண்டு தெரியாது பிள்ளை. பயம்."

சனிக்கிழமை காலை இருவரும் கிளம்பினோம். எங்கே மாறுவது என்பதை நான் பார்த்துக்கொண்டேன், பேச்சை அவர் பார்த்துக்கொண்டார். குழந்தைகள் காப்பகமொன்றில் இருபது வருடம் சமைத்தவர் என்பதால் அவருக்குப் பிரெஞ்சு சரளம். ஜான்-டலோன் சந்தையில் ஆப்பிளும் பூசணியும் மலையாய்க் குவிந்திருந்தன. கடைகளில் ருசி பார்க்க நறுக்கி வைத்திருந்த ஆப்பிளை ஒன்று விடாமல் எடுத்துத் தின்றார். லீக்ஸ் என்ற தடித்த வெங்காயத்தாளை விற்றவரிடம் என்னவோ சொல்லி அவரைச் சிரிக்க வைத்தார். அக்கா சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

திரும்பும்போது பேருந்தில் கேட்டேன். "வில்லரேல ரெண்டு ரூம் வீடு ஒண்ணு இருக்கு. கீழ்த்தளம். நீங்களும் வந்துடுங்களேன் அக்கா."

அவர் மடியில் இருந்த பையைச் சரிசெய்துகொண்டார்.

"மகன் வீட்டை விக்கச் சொல்லுறான், பிள்ளை. மாசியில அவனோட லவாலுக்குப் போறன். பேரப்பிள்ளையள் ரெண்டும் தமிழ் கதைக்காதுகள். நான் பக்கத்தில இருந்தா நாலு சொல்லாவது வரும்."

"அங்க பக்கத்துல பஸ் இருக்கா?"

"கேக்கேல்லை," என்றார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். வெளியே இருட்டிக்கொண்டிருந்தது. நிறுத்தத்தில் இறங்கியும் அந்தக் கையை அவர் விடவில்லை.

இரண்டு அறை வீட்டை விட்டுவிட்டு, அதே தெருவில் ஓர் அறை வீட்டை எடுத்தேன். டிசம்பரில் குடிவந்தேன். பிப்ரவரியில் அக்கா ஆற்றுக்கு அப்பால் இருக்கும் லவாலுக்குப் போய்விட்டார். ஞாயிறுதோறும் பேசுகிறோம். இன்னும் அவரால் இங்கே வர முடியவில்லை.

என்னைப் போல் வருகிறவர்களுக்குச் சில விஷயங்கள். எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் மெட்ரோவை விட்டு விலகி வீடு எடுக்காதீர்கள். வெளிப்படிக்கட்டு படத்தில் அழகாக இருக்கும், பனி உறைந்தால் ஏற முடியாது. கீழ்த்தளமே நல்லது. நவம்பரில் கடிகாரத்தை மாற்றியதும் நாலரைக்கே இருட்டிவிடும். கொஞ்சம் பிரெஞ்சு கற்றுக்கொண்டு வாருங்கள், நான் இங்கே வந்த பிறகுதான் கற்கத் தொடங்கினேன். கடையில் ஆங்கிலம் போதும், பக்கத்து வீட்டுக்காரரோடு பழக அது போதாது. இந்த ஊர் தனிமையைப் போக்கும் என்று நான் சொல்லமாட்டேன். சில நாட்களில் ஹூஸ்டனில் இருந்ததைவிட அதிகமாகவே வலிக்கிறது. ஆனால் வலிக்கும்போது எழுந்து வெளியே போக முடிகிறது.

பார்வை குறைந்தவர்கள் பிடிக்கும் வெள்ளைக் கோலை வாங்கி வைத்து, வெட்கத்தில் பல நாள் அதைத் தொடவில்லை. போன வாரம் மாலையில் முதல்முறையாக எடுத்துக்கொண்டு ரொட்டி வாங்கப் போனேன். பனி பெய்துகொண்டிருந்தது. தெரு முனையில் சிக்னலுக்காக நின்றபோது, வயதான ஒருவர் பக்கத்தில் வந்து, வழி தவறிவிட்டீர்களா, எங்கே போகவேண்டும் என்று பிரெஞ்சில் கேட்டார்.

"இல்லை. நான் இந்தத் தெருவில்தான் குடியிருக்கிறேன்" என்று பிரெஞ்சிலேயே சொன்னேன்.

"ஓ, அப்படியா" என்றார். சிக்னல் மாறியது. அவர் ஒரு பக்கம் போனார், நான் ஒரு பக்கம் போனேன்.